எலும்பு கூடியாச்சு, ஆட்டம் இன்னும் கூடவில்லை

2011 ஆகஸ்ட் 20, சனிக்கிழமை சாயங்காலம். பிசியோதெரபி படித்துக்கொண்டிருந்த காலம். ஹாஸ்டல் டிவி ரூமில் ஆர்சனல், லிவர்பூல் ஃபுட்பால் ஆட்டம். கோல் இல்லாமல் இழுத்துக்கொண்டே போனது. முடிய இன்னும் பன்னிரண்டு நிமிடம் இருக்கும்போது ஆர்சனல் டிஃபெண்டர் மிக்கேல் அவசரத்தில் உதைத்த பந்து, எதிரே நின்ற தன் டீம் ஆட்டக்காரர் ஆரோன் ராம்சே மேல் பட்டுத் தெறித்து, கோல்கீப்பர் தலைக்கு மேலே வளைந்துபோய் வலைக்குள் விழுந்தது. அந்த இடத்தில் நின்றதைத் தவிர ராம்சே ஒன்றும் செய்யவில்லை. ஆனால் சொந்த கோல் என்று அவர் பெயர்தான் ஏறியது. டிவி ரூமில் பறந்த வசவுகளை இங்கே எழுத முடியாது. "இவனையெல்லாம் ஏன்டா இறக்குறாங்க" என்று கத்தியவர்களில் நானும் ஒருவன்.

டிபியா என்ற கீழ்க்கால் எலும்பு முறிவுக்கு நோட்ஸ் எழுதிப் பரீட்சையில் மார்க் வாங்கியவன்தான் நான். டிவி முன்னால் உட்கார்ந்தபோது அது எதுவும் ஞாபகத்துக்கு வரவில்லை.

ராம்சே வேல்ஸ்காரர். 2008-ல் கார்டிஃப் சிட்டியிலிருந்து ஆர்சனலுக்கு வந்தார். 2010 பிப்ரவரி 27 அன்று ஸ்டோக் சிட்டி மைதானத்தில் ரயன் ஷாக்ராஸ் போட்ட டேக்கிளில் வலது கீழ்க்காலின் இரண்டு எலும்புகளும் முறிந்தன. வயது 19. பக்கத்தில் நின்ற ஆட்டக்காரர்கள் அந்தக் காலைப் பார்க்க முடியாமல் திரும்பிக்கொண்டார்கள். சிவப்பு அட்டை வாங்கிய ஷாக்ராஸ் அழுதுகொண்டே வெளியேறினார். ஒன்பது மாதம் கழித்து, நவம்பரில், ராம்சே நாட்டிங்ஹாம் ஃபாரஸ்டுக்கு லோனில், அதாவது கொஞ்ச காலத்துக்குக் கடனாக, போய் ஆடினார். அடுத்து பழைய கார்டிஃபில் கொஞ்ச நாள். 2011 மார்ச்சில் ஆர்சனலுக்குத் திரும்பினார். மே 1-ஆம் தேதி மான்செஸ்டர் யுனைடெட்டுக்கு எதிராக ஒரே கோலைப் போட்டு ஜெயிக்க வைத்தார். அன்றைக்கு நாங்கள் எல்லோரும் அவர் ரசிகர்கள்.

அந்த கோல்தான் அவருக்கு வினையாகப் போனது என்று இப்போது தோன்றுகிறது. 'பையன் பழையபடி ஆகிட்டான்' என்று எல்லோரும் முடிவு கட்டிவிட்டோம். ஆகஸ்டில் ஆர்சனலின் ஃபாப்ரிகாஸ் பார்சிலோனாவுக்குப் போனார், நாஸ்ரி மான்செஸ்டர் சிட்டிக்குப் போனார். வில்ஷேர் கணுக்காலில் அடிபட்டு அந்த சீசன் முழுக்கவே ஆடவில்லை. மூன்று பேர் சுமந்த மிட்ஃபீல்ட், கால் முறிந்து ஒன்றரை வருஷம்கூட ஆகாத இருபது வயதுப் பையன் தலையில் விழுந்தது. லிவர்பூல் ஆட்டம் முடிந்த எட்டாம் நாள் மான்செஸ்டர் யுனைடெட்டின் ஓல்ட் டிராஃபோர்டில் 8-2 என்று தோல்வி. அதிலும் அவர் இருந்தார். நவம்பரில், அவரை வேல்ஸ் கேப்டனாக்கிய மேனேஜர் கேரி ஸ்பீட் இறந்துபோனார். அந்தத் துக்கம் எங்கள் கணக்கில் வரவே இல்லை.

எங்கள் கணக்கில் வந்தது வேறு. ராம்சே கோல் போட்டால் பெரிய மனுஷன் யாராவது செத்துப்போவான் என்ற ஜோக் அப்போது ஃபேஸ்புக் எங்கும் ஓடிக்கொண்டிருந்தது. மே 1 கோலுக்கு மறுநாள் பின் லேடன், அக்டோபர் 2 கோலுக்கு மூன்றாம் நாள் ஸ்டீவ் ஜாப்ஸ், அக்டோபர் 19 கோலுக்கு மறுநாள் கடாஃபி. நானும் ஷேர் செய்தேன். வேடிக்கைதான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் ஓர் ஆட்டக்காரன் ஒரு தடவை கேலிப்பொருளாகிவிட்டால், அதற்குப் பிறகு அவன் கொடுக்கிற ஒவ்வொரு தப்பு பாஸும் அந்தக் கேலிக்குச் சாட்சியாகிவிடும். சரியான பாஸை யாரும் எண்ண மாட்டார்கள்.

*

இதையெல்லாம் இப்போது எழுதக் காரணம், என் கிளினிக்குக்கு வரும் ஒரு பையன். வடசென்னை. வயது 21. அடையாளம் தெரியாமலிருக்க சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். அணிக்கு ஏழு பேர் ஆடும் செவன்ஸ் ஆட்டம் ஒன்றில், இடது முழங்கால் மூட்டை உள்ளிருந்து பிடித்து நிறுத்தும் ஏசிஎல் கிழிந்தது. நம் ஊர் வழக்கில் சொன்னால் 'ஜவ்வு போச்சு'. ஆபரேஷன் முடிந்து பத்து மாதம் ஒழுங்காக எக்சர்சைஸ் செய்தான். ஒற்றைக் காலில் தாண்டச் சொல்லித் தரையில் டேப் ஒட்டி அளந்தேன். நல்ல கால் 162 சென்டிமீட்டர், ஆபரேஷன் கால் 151. தொண்ணூறு சதவீதத்துக்கு மேல் வந்தால் பாஸ் என்பது பொதுக் கணக்கு, இவன் 93. தொடை பலமும் ஏறக்குறைய சமம். ஆடலாம் என்று எழுதிக் கொடுத்தேன்.

ஆறு வாரம் கழித்து வந்தான். உட்காரச் சொன்னேன், நின்றுகொண்டே பேசினான்.

"காலு நல்லாக்கீது சார். ஆனா பின்னாடி எவனாவது ஓடியார்ற சத்தம் கேட்டா போதும், பந்தை அப்டியே தட்டி வுட்டுர்றேன். யாருக்குப் போவுதுன்னே தெரில."

"வலிக்குதா?"

"வலில்லாம் இல்ல சார்."

போனில் ஒரு ஆட்டத்தின் வீடியோ வைத்திருந்தான். மிட்ஃபீல்டில் நிற்கிறான். பந்து அவனை நோக்கி வருகிறது. ஊன்றப்போகும் இடது காலைக் குனிந்து பார்க்கிறான். அரை விநாடி இருக்கும். நிமிர்வதற்குள் எதிர் டீம் ஆள் மேலே வந்துவிட்டான். பந்து போய்விட்டது. வீடியோ எடுத்தவர் அவன் டீம் ஆதரவாளர்தான். கெட்ட வார்த்தை ஒன்றைச் சொல்லி, "நொண்டியை வெளிய எடுங்கடா" என்று அவர் கத்துவது தெளிவாகக் கேட்கிறது. "யார் இது?" என்றேன். "எங்க மாமா சார்" என்றான்.

அந்த அரை விநாடிக்குள்தான் விஷயம் முழுக்க இருக்கிறது. ஜவ்வு என்பது எலும்பைக் கட்டி வைத்திருக்கும் வெறும் கயிறு கிடையாது. முழங்கால் எந்தக் கோணத்தில் இருக்கிறது, எவ்வளவு இழுபடுகிறது என்று மூளைக்குச் செய்தி அனுப்பும் நரம்பு முனைகளும் அதில் இருக்கின்றன. கிழிந்த ஜவ்வுக்குப் பதிலாகத் தொடைத் தசைநாரை எடுத்து வைக்கும்போது அந்தச் செய்திப் போக்குவரத்து பழையபடி வருவதில்லை. அந்தக் குறையைக் கண் ஈடுகட்டப் பார்க்கும். காலைப் பார்த்துத்தான் கால் எங்கே இருக்கிறதென்று நிச்சயம் பண்ணிக்கொள்ளும். நடைக்கும் ஓட்டத்துக்கும் இது போதும். ஆனால் மிட்ஃபீல்ட் ஆட்டக்காரனுக்குக் கண் வேறு வேலைக்கு வேண்டும். பந்து வருவதற்கு முன்பே தோளுக்குப் பின்னால் இரண்டு முறை திரும்பிப் பார்த்து, யார் எங்கே என்று மனதில் வாங்கிக்கொள்ளவேண்டும். கண் முழங்காலில் மாட்டிக்கொண்டால் அது நடக்காது. முடிவு தாமதமாகும், முதல் டச் கனமாகும். கேலரியிலிருந்து பார்ப்பவருக்கு அது சோம்பேறித்தனமாகத் தெரியும், பயமாகத் தெரியும், 'இவனுக்கு ஆட்டமே மறந்துபோச்சு' என்று தெரியும்.

ராம்சேவுக்கு முறிந்தது எலும்பு. அதில் நடப்பது கொஞ்சம் வேறு. எலும்பு நல்லபடியாகவே கூடிவிடும். கெண்டைத் தசை சுருங்கியிருக்கும், கணுக்கால் இறுகியிருக்கும், எல்லாவற்றுக்கும் மேல் டேக்கிள் வரும் திசையில் உடம்பு தானாகப் பின்வாங்கும். அடிபட்ட கணத்தை மனது மறந்தாலும் கால் மறப்பதில்லை என்று என் ஆசிரியர் ஒருவர் சொல்வார். அன்றைக்கு இதைப் பழமொழி மாதிரி கேட்டுக்கொண்டேன். இப்போது தினமும் பார்க்கிறேன்.

இங்கேதான் கத்தல் வந்து சேர்கிறது. கவனத்தைக் காலிலிருந்து பிரித்து ஆட்டத்துக்குள் கொண்டுபோவதற்குத்தான் நாங்கள் மாதக்கணக்கில் பாடுபடுகிறோம். பந்தை எறிந்து பிடிக்கச் சொல்லிக்கொண்டே ஒற்றைக் காலில் நிற்க வைப்போம், ஓடும்போது கணக்குக் கேட்போம். எல்லாம் காலை மறக்க வைக்கத்தான். மைதானத்தில் 'நொண்டி' என்று ஒரு குரல் வந்தால் கவனம் மறுபடி எங்கே போகும்? நேராகக் காலுக்கு. அடுத்த பந்தும் தவறும். அடுத்த குரல் இன்னும் பலமாக வரும். ஜிம்மில் இரும்பு தூக்கி இந்தச் சுழலிலிருந்து வெளியே வர முடியாது.

2014-ல் வெளியான ஓர் ஆய்வுத் தொகுப்பு, ஏசிஎல் ஆபரேஷன் செய்துகொண்ட 7,500-க்கும் மேற்பட்டவர்களின் கணக்கைப் பார்த்தது. ஏதோ ஒரு விளையாட்டுக்குத் திரும்பியவர்கள் 81 சதவீதம். போட்டி ஆட்டத்துக்குத் திரும்பியவர்கள் 55 சதவீதம்தான். மனத்தளவில் தயாராக இருப்பதும் திரும்புவதற்கு ஒரு காரணமாக அதில் வருகிறது. இதை அளக்கப் பன்னிரண்டு கேள்வி கொண்ட ஒரு படிவம்கூட எங்களிடம் உண்டு. முதல் தடவை அந்தப் பையனுக்கு அதைக் கொடுக்காமல் விட்டது என் தப்பு. 93 சதவீதத்தைப் பார்த்த சந்தோஷத்தில் விட்டுவிட்டேன்.

*

திட்டுவது ரசிகர்கள் மட்டும் என்றில்லை. மான்செஸ்டர் யுனைடெட் டிஃபெண்டர் லூக் ஷா கதை தெரிந்திருக்கும். 2015 செப்டம்பர் 15, மான்செஸ்டர் யுனைடெட், பிஎஸ்வி ஐந்தோவன் ஆட்டம். வலது காலில் இரண்டு இடத்தில் முறிவு. வயது 20. ரத்தம் கட்டிக்கொண்டு காலையே இழக்கும் நிலைக்குப் போய்த் தப்பியதாகப் பின்னாளில் அவரே சொன்னார். மறு சீசனில் திரும்பி வந்தபோது மேனேஜர் ஜோஸே மொரின்யோ. 2017 ஏப்ரலில் எவர்ட்டன் ஆட்டம் முடிந்து பத்திரிகையாளர்கள் முன்னாலேயே, ஷா ஆடியது தன் உடம்பால்தான், மூளை என்னுடையது என்ற பொருளில் பேசினார் மேனேஜர். பயிற்சியாளர் வாயிலிருந்து இப்படி வந்தால் ரசிகனுக்கு லைசென்ஸ் கிடைத்த மாதிரி. அதே ஷா 2021-ல் யூரோ இறுதி ஆட்டத்தின் இரண்டாவது நிமிடத்தில் இங்கிலாந்துக்கு கோல் போட்டார்.

இந்தக் கதைகளில் ஒரு ஆபத்தும் இருக்கிறது. 'திட்டு வாங்கித்தான் அவன் எழுந்தான்' என்று சிலர் பாடம் எடுத்துக்கொள்வார்கள். 2014 மே 17, எஃப்.ஏ. கோப்பை இறுதி: ஹல் சிட்டியிடம் எட்டு நிமிடத்துக்குள் 2-0 என்று பின்தங்கிய ஆர்சனலை, 109-ஆவது நிமிடத்தில் ஜெயிக்க வைத்தது ராம்சே. ஒன்பது வருஷம் கழித்து வந்த கோப்பை. அன்று ராத்திரி, டிவி ரூமில் என்னைவிட மோசமாகத் திட்டிய நண்பன் போன் பண்ணி, "நம்ம ராம்சே மச்சான்! நான் அப்பவே சொன்னேன்ல!" என்றான். அவன் என்ன சொன்னான் என்பது எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. ராம்சே எழுந்ததற்குக் காரணம், மூன்று வருஷம் அவரை நம்பி இறக்கிக்கொண்டே இருந்த ஆர்சனல் மேனேஜர் ஆர்சென் வெங்கர். கேலரி முனகியபோதும் அவர் எடுக்கவில்லை. நடுவில், 2012 டிசம்பரில், புது ஒப்பந்தமும் கொடுத்தார். அதற்கும் நாங்கள் முகம் சுளித்தோம். அதே ஆர்சனலில் அபு டியாபியும் இருந்தார். 2006-ல், 19 வயதில், சண்டர்லாந்து ஆட்டத்தில் கணுக்கால் முறிந்தது. அதன்பின் காயத்துக்கு மேல் காயம், 2015-ல் கிளப்பை விட்டே போனார். உடைந்தவர்கள் எல்லோரும் கோப்பை கோலோடு திரும்புவதில்லை.

*

அந்தப் பையனிடம் கொஞ்சம் கொஞ்சமாகக் கேட்டபோது இன்னொன்று வெளியே வந்தது. ஆட்டத்துக்கு முன்னால் மெடிக்கலில் டைக்ளோஃபெனாக் என்ற வலி மாத்திரை வாங்கிப் போட்டுக்கொண்டிருக்கிறான். இரண்டு ஆட்டம் முடிந்தபின் முட்டி வீங்கியிருக்கிறது. யாரிடமும் சொல்லவில்லை.

"சொன்னா நடிக்கிறான்னுவாங்க சார்."

என்னைத் தூக்கிவாரிப் போட்டது இதுதான். மனம் புண்படுவது ஒரு பக்கம் இருக்கட்டும். திட்டுக்குப் பயந்து வீக்கத்தை மறைப்பவன் மறுபடியும் ஜவ்வைக் கிழித்துக்கொள்ளும் பாதையில் நிற்கிறான். வீக்கம் என்பது மூட்டு போடும் மனு. மாத்திரை அந்த மனுவைக் கிழித்துப்போடும். இளம் ஆட்டக்காரர்கள் உள்ள வீடுகளில் இதைக் கவனியுங்கள்: ஆட்டம் முடிந்து வந்தவுடன் முழு பேன்ட் மாட்டிக்கொள்வது, தரையில் சம்மணம் போட்டு உட்காராமல் தவிர்ப்பது, பையில் மாத்திரை அட்டை. தூக்கம் கெடுவதும், பிராக்டிஸுக்குப் போகாமல் மேட்சுக்கு மட்டும் போவதும் அதில் சேரும்.

அவன் கோச்சை வரச் சொல்லிப் பேசினேன். நல்ல மனிதர், சம்பளம் வாங்காமல் முப்பது பையன்களைப் பார்த்துக்கொள்கிறார். ஒரு மாதம் இரண்டாம் பாதியில் மட்டும் இறக்குங்கள் என்றேன். முதுகைக் காட்டி பந்து வாங்கும் நடு இடத்தில் வேண்டாம், விங்கில் நிறுத்துங்கள். கோடு ஒரு பக்கம் இருப்பதால் பின்னாலிருந்து வரும் ஆள் பாதியாகக் குறைவான். ராம்சேவை நேராக ஆர்சனலில் இறக்காமல் நாட்டிங்ஹாமுக்கும் கார்டிஃபுக்கும் அனுப்பியதும் கிட்டத்தட்ட இந்த வைத்தியம்தான். கோச் கேட்டுக்கொண்டார். "அவங்க மாமாவை என்ன சார் பண்றது?" என்றார். மாமாவையும் கூட்டிவாருங்கள் என்றேன்.

மாமா வந்தார். வீடியோவைச் சத்தம் வைக்காமல் போட்டுக் காட்டினேன். பையன் குனிந்து காலைப் பார்க்கும் இடத்தில் நிறுத்தினேன். மறுபடி போடச் சொன்னார். மூன்று தடவை பார்த்தார். "அவன் காலைப் பாத்துன்னுக்கிறான்" என்றார். வேறு ஒன்றும் சொல்லவில்லை. அவர் மாறிவிட்டார் என்றெல்லாம் நான் சொல்லப்போவதில்லை. அடுத்த ஞாயிறு ஆட்டத்திலும் கத்தினாராம், எதிர் டீமைப் பார்த்து.

பையன் போன திங்கட்கிழமை காலையில், கிளினிக் திறப்பதற்கு முன்பே வாசலில் நின்றுகொண்டிருந்தான். டிராக் பேன்ட்டை முட்டிக்கு மேலே சுருட்டிவிட்டிருந்தான்.

"லைட்டா வீங்கினுக்கீது சார். நேத்து நாப்பது நிமிஷம் ஆடினேன். மாத்திரை போடல."

இஞ்ச் டேப்பை எடுத்து அளந்தேன். ஒரு சென்டிமீட்டர் கூடுதல். ஐஸ் வைத்துக் கட்டிவிட்டு, வியாழக்கிழமை வரை ஓட்டம் கூடாது என்றேன். "வியாழக்கிழமை எத்தினி மணிக்கு சார்?" என்று கேட்டான்.