பனிக்கட்டி தாங்கி நிற்கும் நாடு

ரஷ்யாவின் வடகிழக்கில், லேனா ஆற்றின் கரையில் இருக்கிறது யாகூட்ஸ்க் நகரம். அங்கே மழை, பனி எல்லாம் சேர்த்தும் ஆண்டுக்குச் சுமார் 240 மில்லிமீட்டர்தான் பொழிகிறது. தார் பாலைவனத்தின் ஓரங்களில் பெய்யும் அளவு அது. இந்தக் கணக்குப்படி அங்கே புதரும் மணலும்தான் இருக்க வேண்டும். ஆனால் இருப்பது நூற்றுக்கணக்கான கிலோமீட்டருக்கு விரியும் காடு. காட்டுக்குள் எங்கு பார்த்தாலும் ஏரிகள், வட்ட வட்டமாகப் பச்சைப் புல்வெளிகள். வானத்திலிருந்து இவ்வளவு குறைவாகத் தண்ணீர் வரும் ஊரில் இத்தனை பசுமை எப்படி?

காரணம் மண்ணுக்கு அடியில் இருக்கிறது. கோடையில் மேலே ஒன்றிரண்டு மீட்டர் மண் இளகும். அதற்குக் கீழே நூற்றுக்கணக்கான மீட்டர் ஆழம் வரை தரை உறைந்தே கிடக்கிறது, ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக. புவியியல் பாடத்தில் பெர்மாஃப்ராஸ்ட் என்று படித்திருப்போம். உறைநிலம் என்று சொல்லிக்கொள்வோம். தொடர்ந்து இரண்டு ஆண்டுகளாவது சுழியம் டிகிரிக்கு மேல் போகாத எந்த மண்ணும் பாறையும் உறைநிலம்தான்.

யாகூட்ஸ்க் நகரைத் தலைநகராகக் கொண்டது சாகா குடியரசு. யாகூட்டியா என்பது அதன் இன்னொரு பெயர். பரப்பு சுமார் 30 லட்சத்து 80 ஆயிரம் சதுர கிலோமீட்டர், இந்தியாவைவிடக் கொஞ்சம்தான் குறைவு. மூன்று நேர மண்டலங்கள் அதற்குள் அடங்கும். மக்கள்தொகையோ ஏறத்தாழ 10 லட்சம். மூன்று சதுர கிலோமீட்டருக்கு ஓர் ஆள் என்று வருகிறது. அதிலும் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் தலைநகரிலேயே வாழ்கிறார்கள்.

யாகூட்டியா என்றாலே இமையில் பனி பூத்த முகங்களையும் வெந்நீரைக் காற்றில் வீசி எறியும் காட்சிகளையும்தான் காட்டுவார்கள். குளிர் உண்மைதான். வெர்க்கோயான்ஸ்க் ஊரில் 1892இல் மைனஸ் 67.8 டிகிரியும், ஓய்மியாகோனில் 1933இல் மைனஸ் 67.7 டிகிரியும் பதிவாகியிருக்கின்றன. ஆனால் அந்தக் குளிர் மண்ணுக்குள் இறங்கி என்ன செய்தது என்பதுதான் எனக்குப் பெரிய அதிசயமாகப் படுகிறது. அங்கே மனிதர்கள் எங்கே குடியேறினார்கள், எதை மேய்த்தார்கள், எப்படி வீடு கட்டினார்கள் என்று எல்லாவற்றுக்கும் அதில் விடை கிடைக்கிறது.

முதலில் குளிர் எங்கிருந்து வருகிறது என்று பார்த்துவிடுவோம். வெப்பம் சுமந்து வரும் அட்லாண்டிக் காற்று இவ்வளவு கிழக்கே வருவதற்குள் சூடெல்லாம் போய்விடும். பசிபிக் பக்கத்திலிருந்து வரும் காற்றை மலைத்தொடர்கள் தடுத்துவிடும். குளிர்காலத்தில் சைபீரியாவின் மேல் கனத்த உயரழுத்தக் காற்று மாதக்கணக்கில் அசையாமல் உட்கார்ந்துகொள்கிறது. வானத்தில் மேகம் இல்லை. பகல் சில மணி நேரம்தான். தரையில் இருக்கும் கொஞ்சநஞ்ச வெப்பமும் இரவு முழுக்க விண்வெளிக்குத் தப்பிப் போகிறது. குளிர்ந்த காற்று கனமானது என்பதால் சரிவுகளில் வழிந்து பள்ளத்தாக்கில் தேங்குகிறது. வெர்க்கோயான்ஸ்க்கும் ஓய்மியாகோனும் அப்படிப்பட்ட பள்ளங்களில் இருக்கும் ஊர்கள். அங்கே மலையேறினால் குளிர் குறையும்!

கோடையில் எல்லாம் தலைகீழ். கடலே பக்கத்தில் இல்லாததால் நிலம் சட்டென்று சூடேறும். யாகூட்ஸ்கில் ஜனவரி சராசரி மைனஸ் 37 டிகிரியை ஒட்டி இருக்கும், ஜூலை சராசரி 20 டிகிரியை ஒட்டி. வெர்க்கோயான்ஸ்கில் 2020 ஜூன் 20 அன்று 38 டிகிரி வெயில் அடித்தது. ஆனால் ஆண்டு முழுவதற்கும் சராசரி போட்டால் சுழியத்துக்கு வெகு கீழேதான் வரும். கோடையில் மண்ணுக்குள் போகும் வெப்பத்தைவிடக் குளிர்காலத்தில் வெளியேறும் வெப்பம் அதிகம். இந்தக் கணக்கு ஆயிரம் ஆயிரம் ஆண்டுகள் தொடர்ந்தால் உறைவு கீழே இறங்கிக்கொண்டே போகும். பூமியின் உள்வெப்பம் கீழிருந்து வந்து தடுக்கும் ஆழத்தில்தான் அது நிற்கும்.

யாகூட்டியாவில் ஓடும் மார்க்கா ஆற்றின் மேற்பகுதியில் அந்த ஆழம் ஏறத்தாழ 1,500 மீட்டர். உலகில் இவ்வளவு ஆழமான உறைநிலம் வேறெங்கும் அறியப்படவில்லை. இதற்கு ஒரு சுவாரசியமான காரணம் இருக்கிறது. பனியுகத்தில் கனடாவின் பெரும்பகுதியைக் கிலோமீட்டர் கணக்கில் தடித்த பனிப்பாளங்கள் மூடிக் கிடந்தன. அந்தப் பனிப்பாளமே கீழே இருந்த தரைக்குப் போர்வையாகிவிட்டது. யாகூட்டியாவின் சமவெளிகளிலோ காற்று வறண்டிருந்ததால் பனி குவியவில்லை. திறந்து கிடந்த மண்ணுக்குள் குளிர் தடையில்லாமல் இறங்கியது.

இந்த ஆழத்தை முதன்முதலில் தேடிப்போனவர் விஞ்ஞானி அல்ல, ஒரு வணிகக் கம்பெனியின் அலுவலர். பியோதர் ஷெர்கின் 1828இல் யாகூட்ஸ்கில் கிணறு வெட்டத் தொடங்கினார். குடிக்கத் தண்ணீர் வேண்டும், அவ்வளவுதான். 1837 வரை தோண்டி 116 மீட்டர் போயும் உறைந்த மண்ணே வந்துகொண்டிருந்தது. ஒரு சொட்டுத் தண்ணீர் கிடைக்கவில்லை. 1840களில் அலெக்சாண்டர் மிடன்டார்ஃப் என்ற விஞ்ஞானி அந்தக் குழிக்குள் இறங்கிச் சுவரில் துளையிட்டு, வெவ்வேறு ஆழங்களில் வெப்பநிலையை அளந்தார். கீழே போகப்போகக் குளிர் மெல்லக் குறைவதைக் கண்டார். உறைநிலம் உண்மையிலேயே இருக்கிறதா என்று ஐரோப்பிய அறிஞர்கள் சந்தேகப்பட்ட காலம் அது. தண்ணீர் வராத அந்தக் கிணறுதான் உறைநில அறிவியலின் முதல் ஆய்வுக்கூடம் ஆனது.

சரி, காட்டுக்கு வருவோம். வசந்தத்தில் பனி உருகும்போது தண்ணீர் ஆழத்துக்குப் போக முடியாது. உறைந்த அடித்தரை அதைத் தாங்கிப் பிடித்துக்கொள்ளும். கோடையில் இளகும் மண்ணும் தன்னிடம் இருந்த பனியைத் தண்ணீராக விட்டுக்கொடுக்கும். வேர் எட்டும் ஆழத்திலேயே ஈரம் நிற்பதால்தான் பாலைவன மழையில் காடு பிழைக்கிறது. அந்தக் காட்டை ஆள்வது லார்ச் மரம். ஊசியிலை மரமாக இருந்தும் ஒவ்வோர் இலையுதிர் காலத்திலும் ஊசிகளை உதிர்த்துவிடும். அதன் வேர்கள் ஆழம் தேடாமல் பக்கவாட்டில் பரவுகின்றன. பதிலுக்குக் காடும் உறைநிலத்தைக் காக்கிறது. மர நிழலும் தரையை மூடிய பாசியும் கோடை வெயிலை மண்ணுக்குள் இறங்க விடுவதில்லை. ஒன்று போனால் மற்றதும் போய்விடும்.

உறைந்த மண்ணில் சாதாரண மண் மட்டும் இல்லை. கடுங்குளிரில் தரை சுருங்கி விரிசல் விடும். வசந்தத்தில் அந்த விரிசலுக்குள் உருகிய நீர் இறங்கி உறையும். அடுத்த ஆண்டு அதே இடத்தில் மறுபடி விரிசல், மறுபடி நீர், மறுபடி பனிக்கட்டி. ஓர் ஆண்டுக்குச் சில மில்லிமீட்டர்தான் வளரும். ஆனால் பல்லாயிரம் ஆண்டுகளில் சில மீட்டர் அகலமும், இடத்துக்கு இடம் பல பத்து மீட்டர் ஆழமும் கொண்ட பனி ஆப்புகள் உருவாகிவிட்டன. சில பகுதிகளில் தரைக்கு அடியில் இருப்பதில் பாதிக்கு மேல் பனிக்கட்டியே.

அது உருகினால் மேலே இருக்கும் மண் அமுங்க வேண்டியதுதான். பனியுகம் முடிந்து புவி சூடானபோது, ஏறத்தாழ 10,000 ஆண்டுகளுக்கு முன் தொடங்கி, பல ஆயிரம் இடங்களில் அப்படி நடந்தது. தரை உள்வாங்கிப் பள்ளமானது, பள்ளத்தில் நீர் தேங்கி ஏரியானது. ஏரி சுற்றியிருந்த பனியையும் உருக்கிப் பெரிதாகி, பிறகு மெல்ல வற்றியது. இன்று நடுவில் சிறு ஏரியும் சுற்றிலும் செழித்த புல்லுமாக, வட்டமான பள்ளமாக நிற்கும் இந்த இடங்களைச் சாகா மக்கள் அலாஸ் என்கிறார்கள். உலகெங்கும் புவியியல் அறிஞர்களும் அதே பெயரைத்தான் வழங்குகிறார்கள்.

என்னைப் பொறுத்தவரை யாகூட்டியாவின் மனித வரலாற்றுக்குச் சாவி இந்த அலாஸ்தான். சாகா மக்கள் துருக்கிய மொழி பேசுகிறவர்கள். அவர்களின் முன்னோர் தெற்கே பைக்கால் ஏரிப் பக்கத்திலிருந்து குதிரைகளோடும் மாடுகளோடும் லேனா ஆற்றை ஒட்டி வடக்கே வந்தார்கள். காட்டுக்குள் மேய்ச்சல்காரர்களுக்கு என்ன வேலை? அலாஸ் இல்லாவிட்டால் ஒன்றுமே இருந்திருக்காது. புல் அங்கேதான் இருந்தது, நீர் அங்கேதான் இருந்தது, வைக்கோல் அறுக்க இடமும் அங்கேதான். ஒரு அலாஸ் சில குடும்பங்களையே தாங்கும் என்பதால் ஊராகக் கூடி வாழாமல் தனித்தனியாகப் பரவி வாழ்ந்தார்கள். கோடைக்கு ஒரு குடியிருப்பு, குளிர்காலத்துக்கு ஒன்று. குளிர்கால மரவீட்டின் சாய்ந்த சுவர்களில் களிமண்ணும் சாணமும் கலந்து பூசுவார்கள். மாட்டுத் தொழுவம் வீட்டோடு ஒட்டியே இருக்கும்.

குதிரைகளுக்கு அந்தச் சலுகை கிடையாது. குள்ளமாக, அடர்ந்த மயிரோடு இருக்கும் யாகூட் குதிரை மைனஸ் 50 டிகிரியிலும் வெட்டவெளியில்தான் நிற்கும். குளம்பால் பனியைக் கிளறி அடியில் இருக்கும் புல்லைத் தின்னும். அந்தப் பகுதியில் முன்பு வாழ்ந்த பழங்காலக் குதிரைகளின் வாரிசு இது என்று நினைக்கத் தோன்றும். ஆனால் 2015இல் வெளியான மரபணு ஆய்வு வேறு சொன்னது. இவை சாகா மக்கள் கொண்டுவந்த குதிரைகளின் வழி வந்தவை. சில நூற்றாண்டுகளுக்குள் மயிர், உடல் அளவு, வளர்சிதை மாற்றம் என்று உடலையே மாற்றிக்கொண்டிருக்கின்றன. பரிணாமம் இவ்வளவு விரைவாக நடக்கும் என்பதற்கு இது அருமையான சான்று. காட்டிலும் வடக்கே மரமற்ற துந்திராச் சமவெளியிலும் கலைமான் மேய்த்தும் வேட்டையாடியும் மீன்பிடித்தும் வாழ்ந்த ஏவெங்கி, ஏவென், யூகாகிர் மக்கள் சாகா வருகைக்கு முன்பிருந்தே அங்கே இருப்பவர்கள்.

கிணறு வெட்ட முடியாத நாட்டில் குடிநீருக்கு என்ன செய்வது? பல கிராமங்களில் இன்றும் குளிர்காலத் தொடக்கத்தில் ஏரியிலிருந்தும் ஆற்றிலிருந்தும் பனிக்கட்டியைப் பாளம் பாளமாக அறுத்து முற்றத்தில் அடுக்கிவைக்கிறார்கள். தேவைப்படும்போது ஒரு பாளத்தை உள்ளே கொண்டுவந்து உருக்கிக்கொள்வார்கள். தண்ணீர் உறையும்போது கரைந்த உப்புகளைப் பெரும்பாலும் வெளியே தள்ளிவிடும், அதனால் இந்தத் தண்ணீர் நல்ல சுவையாக இருக்கும். கோடைக்கு மீனும் இறைச்சியும் பாலும் வைக்க, உறைநிலத்துக்குள் தோண்டிய பாதாள அறைகள் உண்டு. மின்சாரம் வேண்டாம்.

நகரம் கட்ட வந்தபோதுதான் சிக்கல். சூடான வீட்டை நேராகத் தரையில் வைத்தால் அடியில் இருக்கும் பனி உருகும், வீடு சாயும். 1930களில் யாகூட்ஸ்க் அனல்மின் நிலையத்தைக் கட்டியபோதே இதற்கு வழி கண்டுவிட்டார்கள். உறைநிலத்துக்குள் பல மீட்டர் ஆழத் துளை போட்டுத் தூணை இறக்கி, சுற்றிலும் சேற்றுக் கலவையை ஊற்றிவிடுவார்கள். அது உறைந்து தூணைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளும். கட்டடத்தின் அடித்தளத்துக்கும் தரைக்கும் நடுவே ஆள் குனிந்து போகும் அளவுக்கு இடைவெளி இருக்கும். வீட்டிலிருந்து இறங்கும் வெப்பத்தைக் குளிர்காற்று அந்த இடைவெளி வழியாக வாரிக்கொண்டு போய்விடும். வெந்நீர்க் குழாய்களும் இதே காரணத்துக்காகத் தெருவில் தரைக்கு மேலேயே ஓடுகின்றன, சாலை வந்தால் வளைவு போல ஏறி இறங்கும்.

சாலைகளைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். குளிர்காலத்தில் உறைந்த ஆறுகள்தான் நெடுஞ்சாலை. யாகூட்ஸ்க் அருகே லேனாவைக் கடக்க நகரம் இவ்வளவு காலமும் பாலம் இல்லாமலேயே வாழ்ந்திருக்கிறது. கோடையில் படகு, குளிர்காலத்தில் பனிமேல் லாரி. மே மாதம்தான் ஆபத்து. லேனா வடக்கு நோக்கி ஓடும் ஆறு. தெற்கே மேற்பகுதி முதலில் உருகிப் பெருகி வரும்போது வடக்கே கீழ்ப்பகுதி இன்னும் உறைந்திருக்கும். உடைந்த பாளங்கள் குவிந்து ஆற்றை அடைத்துவிடும். 2001 மே மாதம் லேன்ஸ்க் நகரம் இப்படித்தான் மூழ்கியது.

இப்போது அந்த அடித்தரையே இளகுகிறது. வெர்க்கோயான்ஸ்க் மாவட்டத்தில் பதகாய் ஊருக்குப் பக்கத்தில் 1960களில் காட்டை அழித்த ஒரு சரிவு உள்வாங்கத் தொடங்கியது. நிழலும் பாசியும் போனதும் பனி உருகியது, உருகிய சேறு வழிந்து ஓட, புதிதாக வெளிப்பட்ட பனி அடுத்த கோடையில் உருகியது. இன்று பதகைகா பள்ளம் ஒரு கிலோமீட்டரை எட்டிவிட்டது. அதன் அடிமட்டத்தில் ஆறு லட்சம் ஆண்டுகளுக்கும் பழைய உறைநிலம் தெரிகிறது. சுராப்சா ஊரில் பழைய விமானத்தளம் இருந்த சமதரை இப்போது மேடும் பள்ளமுமாகக் கிடக்கிறது. பனி ஆப்புகள் கரைந்து, நடுவில் இருந்த மண் திட்டுகள் மட்டும் நிற்கின்றன. அலாஸ் பிறந்த அதே முறைதான். ஆனால் இந்த முறை மேலே வீடுகளும் மனிதர்களும் இருக்கிறார்கள். 2021இல் யாகூட்டியாவில் எரிந்த காடு 80 லட்சம் ஹெக்டேருக்கும் மேல். எரிந்த இடமெல்லாம் நிழலை இழந்த இடம். உலகின் உறைநிலங்களில் அடைபட்டிருக்கும் கரிமம், இப்போது காற்றில் இருப்பதைப்போல் ஏறத்தாழ இரண்டு மடங்கு. உறைநிலம் இளகினால் அதில் ஒரு பங்கு வாயுவாகக் காற்றில் கலந்து புவியை மேலும் சூடாக்கும். அதனால் இது சாகா மக்களின் கவலை மட்டும் அல்ல.

கட்டடங்களைக் காக்கப் புதிய உத்திகளும் வந்திருக்கின்றன. மூடிய உலோகக் குழாய் ஒன்றில் எளிதில் ஆவியாகும் திரவத்தை நிரப்பித் தரைக்குள் புதைக்கிறார்கள். குளிர்காலத்தில் திரவம் அடியில் இருக்கும் வெப்பத்தை வாங்கி ஆவியாகி மேலே ஏறும். காற்றில் நிற்கும் முனையில் குளிர்ந்து, மறுபடி திரவமாகிக் கீழே இறங்கும். மோட்டாரும் மின்சாரமும் இல்லாமல் மண்ணைக் குளிர்விக்கும் கருவி இது. இதைவிட எளிய வழி, குளிர்காலத்தில் கட்டடத்தைச் சுற்றிப் பனியை அகற்றுவது. பொழிந்த பனி மென்மையானது, காற்று நிறைந்தது. அது கிடக்கும் இடத்தில் குளிர் மண்ணுக்குள் போகாது.

வடகோடியில் செர்ஸ்கி ஊருக்கு அருகே செர்கேய் ஸிமோவ் என்ற விஞ்ஞானி 1996இல் தொடங்கிய சோதனையும் இதே கருத்தை நம்பித்தான் நடக்கிறது. யாகூட் குதிரை, காட்டெருமை, கலைமான் போன்ற விலங்குகளை அங்கே திரியவிட்டிருக்கிறார்கள். அவை பனியை மிதித்து அமுக்கும், புல்லுக்காகக் கிளறும், அந்த இடங்களில் குளிர் ஆழமாக இறங்கும் என்பது அவருடைய வாதம். வேலியிட்ட பகுதிக்குள் மண்ணின் வெப்பநிலையை அளந்து, வெளியே இருக்கும் மண்ணோடு ஒப்பிட்டு வருகிறார்கள்.