முகூர்த்த நேரத்தில் போனில் சத்தம் வரவில்லை என்றால்

சில வருடங்களுக்கு முன் மேலூர்ப் பக்கம் ஒரு மண்டபத்தில் கல்யாண நேரலை. தாலி கட்டி முடிந்த கொஞ்ச நேரத்தில் பெண்ணின் தாய்மாமா போனோடு வந்தார். “தம்பி, சிங்கப்பூர்ல தங்கச்சி பாக்குது. மேளமே கேக்கலையாம். அய்யர் வாய் மட்டும் அசையுதாம்.”

என் ஹெட்போனில் சத்தம் இருந்தது, பல கேமராக்களை மாற்றி நேரலைக்கு அனுப்பும் ஸ்விட்சரின் மீட்டரும் ஆடியது. என் போனில் திறந்து பார்த்த பிறகுதான் நம்பினேன். அந்தத் தங்கச்சிக்கு அந்த முகூர்த்தத்தை என்னால் திருப்பிக் கொடுக்க முடியாது.

தவறு ஒரு கேபிளில். மைக்செட்காரரின் மிக்ஸரில் எக்ஸ்எல்ஆர் (மூன்று முள் கனெக்டர்) அவுட் பேலன்ஸ்டு. அதில் ஒரே சத்தம் நேராகவும் தலைகீழாகவும் இரண்டு கம்பிகளில் வரும். ஸ்விட்சரின் 3.5 மி.மீ. மைக் துளை ஸ்டீரியோ. நேராக வந்தது இடப்பக்கம், தலைகீழாக வந்தது வலப்பக்கம் போய்விட்டது. ஹெட்போனில் இரண்டும் தனித்தனிக் காதுக்குப் போவதால் கேட்கும். ஒரே ஸ்பீக்கர் உள்ள போனில் இரண்டும் கூடி ஒன்றையொன்று அழித்துவிடும். மீட்டர் இதைக் காட்டவே காட்டாது.

மிக்ஸரில் ஆர்சிஏ ரெக் அவுட் (ரெக்கார்டிங்குக்கான, பேலன்ஸ்டு அல்லாத அவுட்) இருந்தால் அதையே கேட்டு வாங்குங்கள். எக்ஸ்எல்ஆர்தான் கிடைக்கும் என்றால் நடுவில் பேலன்ஸ்டு சத்தத்தைச் சாதாரண சத்தமாக மாற்றித் தரும் ஐசொலேஷன் டிரான்ஸ்ஃபார்மர் போடுங்கள். அவசரத்துக்கு, ஸ்டீரியோவை இரண்டு மோனோவாகப் பிரிக்கும் வசதி உள்ள ஸ்விட்சரில் பிரித்து, வலப்பக்கத்தை அணைத்து, இடப்பக்கத்தை நடுவுக்குக் கொண்டுவந்தால் போதும். ஏடெம் மினி மாதிரியான ஸ்விட்சர்களில் அந்தத் துளையை மைக், லைன் என்று மாற்றலாம். மிக்ஸரிலிருந்து வருவது லைன், அதாவது மைக்கைவிட வலுவான சிக்னல். மைக்கிலேயே விட்டால் சத்தம் உடைந்து கரகரக்கும்.

அடுத்தது ஸ்விட்சரில் உள்ள ஏஎஃப்வி, அதாவது எந்த கேமரா திரையில் இருக்கிறதோ அதன் சத்தம் மட்டும் வருவது. ஒரு ஆள் பேட்டி எடுக்கும் இடத்தில் சரி. கல்யாணத்தில் ஷாட் மாறும்போதெல்லாம் மந்திரம் அறுந்து, பந்தி வாசலின் பேச்சு உள்ளே வரும். கேமராக்களின் சத்தத்தை அணைத்துவிட்டு மிக்ஸர் லைனை மட்டும் எப்போதும் ஆனில் வையுங்கள். இரண்டையும் சேர்த்து விட்டால், தூரத்துக் கேமரா மைக்குக்குச் சத்தம் தாமதமாக வருவதால் எதிரொலி போலக் கேட்கும்.

படமும் சத்தமும் ஒத்துப்போகிறதா என்று, மேடையில் ஒருவரைக் கை தட்டச் சொல்லிப் பதிவு செய்து பாருங்கள். கேமராவும் கன்வெர்ட்டரும் படத்தைத் தாமதப்படுத்தும், மைக் சத்தம் முந்திக்கொள்ளும். மைக்குக்கு டிலே கொடுத்துச் சரிசெய்யலாம். நொடிக்கு 25 பிரேம் என்றால், படம் ஒரு பிரேம் பிந்தினால் 40 மில்லிசெகண்ட் டிலே.

லெவலை ஐயர் குரலுக்கு மட்டும் வைத்துவிடாதீர்கள். கெட்டிமேளம் என்றதும் தவிலும் நாதஸ்வரமும் ஒரே நொடியில் எகிறும். மாப்பிள்ளை அழைப்பில் மேளம் வாசிக்கும்போதே பார்த்து, உச்சம் மைனஸ் 10 டெசிபல் பக்கம் நிற்கும்படி வைத்து, அளவு மீறும் சத்தத்தை அடக்கும் லிமிட்டரையும் போட்டுவிடுவேன்.

இந்த வேலை யாருடையது என்பதில்தான் நம் ஊரில் குழப்பம். மைக்செட்காரருக்கு மண்டபத்தில் கேட்டால் போதும். வீடியோக்காரருக்குப் படம் நன்றாக வந்தால் போதும். நடுவில் இருக்கும் அந்த ஒரு கேபிளுக்கு ஆள் இல்லை. அதனால் முகூர்த்தத்துக்கு ஒரு மணி நேரம் முன்பே நான் மைக்செட் அண்ணனைப் பார்த்துப் பேசிவிடுவேன். அப்புறம் ஹெட்போன் மாட்டாமல், ஒரு சாதாரண போனை மண்டபத்துக்கு வெளியே எடுத்துப்போய் நேரலையைக் கேட்டுவிட்டு வருவேன்.