சுவிட்சைத் தட்டியதற்கு நூறு டொலரா?

ஜனவரி மாதத்துச் சனிக்கிழமை இரவு. வெளியே பூச்சியத்துக்குக் கீழே 22 பாகை. ஃபர்னஸ், அதாவது வீட்டைச் சூடாக்கும் இயந்திரம், திருத்துவது என் தொழில். ரொறன்ரோவின் ஸ்காபரோவில் ஒரு வீட்டின் கதவைத் தட்டினேன். போர்வையைச் சுற்றிக்கொண்டு ஓர் அம்மா திறந்தார். மத்தியானத்திலிருந்து ஃபர்னஸ் மூச்சுக் காட்டவில்லையாம். பேஸ்மென்ட்டுக்கு இறங்கும் படிக்கட்டின் உச்சியில், விளக்குச் சுவிட்சுக்குப் பக்கத்தில், அதே நிறத்தில் அதே அளவில் ஃபர்னஸுக்கான இன்னொரு சுவிட்ச் இருந்தது. அதைத் தட்டினேன். சில நொடிகளில் கீழே மோட்டார் முனகத் தொடங்கியது. மத்தியானம் பேரப்பிள்ளைகள் வந்துபோன வீடு அது. அதற்குமேல் நான் விசாரிக்கவில்லை.

"தம்பி, இதற்கும் காசா?" என்று கேட்டார். வார இறுதி இரவுக்கு நான் வாங்குவது 180 டொலர். அன்று நூறு வாங்கினேன். அதை வாங்கவும் கை கூசியது. ஆனால் அந்தக் குளிரில் வண்டியை எடுத்துக்கொண்டு வந்ததற்கான கூலி அது, சுவிட்சுக்கானது அல்ல.

ஃபர்னஸ் திருத்தச் செலவைப் பற்றிப் பேசும்போது எங்கள் ஆட்கள் தவறவிடும் இடம் இதுதான். "அந்தச் சாமான் இணையத்தில் முப்பது டொலர்தானே, ஏன் முந்நூறு கேட்கிறீர்கள்?" என்பார்கள். வருவதற்கு ஒரு கட்டணம், கோளாறைக் கண்டுபிடிப்பதற்கு ஒரு கூலி, பிறகுதான் சாமானின் விலை. பில்லில் இவை மூன்றும் தனித்தனியே எழுதப்பட்டிருக்க வேண்டும். எழுத மறுப்பவரிடம் வேலை கொடுக்காதீர்கள்.

இயந்திரம் எப்படி எரிகிறது என்று தெரிந்தால் பாதிப் பயம் போய்விடும். வீட்டின் வெப்பநிலையைக் கவனிக்கும் தெர்மோஸ்டாட் சூடு கேட்டதும் முதலில் ஒரு சிறு விசிறி சுழன்று உள்ளே தங்கிய வாயுவை வெளியே தள்ளுகிறது. அது சரியாக இழுக்கிறதா என்று பிரஷர் சுவிட்ச் பார்க்கிறது. அடுத்து தீமூட்டும் இக்னைட்டர் கனலாகச் சிவக்கிறது, எரிவாயு வால்வு திறக்கிறது, தீ பற்றுகிறது. பற்றியதை ஒரு மெல்லிய கம்பி உணர்ந்து, எல்லாவற்றையும் கட்டுப்படுத்தும் மின் போர்டுக்குச் சொல்கிறது. அதன் பிறகுதான் பெரிய விசிறி சூட்டை அறைகளுக்கு அனுப்புகிறது. பக்கத்தில் நின்று காது கொடுத்தால் எந்தப் படியில் நிற்கிறது என்று உங்களுக்கே பிடிபடும்.

நான் அதிகம் காண்பது அந்த மெல்லிய கம்பியின் கோளாறைத்தான். ஃபிளேம் சென்சார் என்பார்கள். தீ பற்றும், நாலைந்து நொடியில் அணையும், மறுபடி பற்றும், அணையும். சில தடவை முயன்றுவிட்டு இயந்திரம் தானாகவே பூட்டிக்கொள்ளும். அந்தக் கம்பி வழியே ஓடுவது மைக்ரோஆம்பியர் அளவு மின்னோட்டம். அதன்மேல் படியும் மெல்லிய படலமே அதை மறிக்கப் போதும். ஒரு திருகாணியைக் கழற்றி, கம்பியை எடுத்து, நைசான இரும்புப் பஞ்சால் துடைத்து, திரும்பப் பூட்டினால் வேலை முடிந்தது. மார்க்கம் நகரில் ஒரு குடும்பத்திடம் இதே கோளாறுக்குப் போர்டை மாற்றவேண்டும், 850 டொலர் ஆகும் என்று ஒருவர் எழுதிக் கொடுத்துவிட்டுப் போயிருந்தார். அந்தத் தாளை இன்னும் என் வண்டியில் வைத்திருக்கிறேன், கோபம் குறையாமல் இருக்க.

ரொறன்ரோப் பகுதியில் நான் காணும் விலைகளைச் சொல்கிறேன். வீட்டுக்கு வீடு, மாடலுக்கு மாடல் மாறும். வந்து பார்க்க 100 முதல் 180 வரை. சென்சார் துடைத்தால் அதற்குமேல் சிறு தொகைதான். இக்னைட்டர் அல்லது பிரஷர் சுவிட்ச் மாற்றினால் கூலியோடு 250 முதல் 400. புகையை வெளியேற்றும் சிறு மோட்டார் 600ஐத் தாண்டும். போர்டும் அப்படித்தான். புதிய வகைப் பெரிய விசிறி மோட்டார் ஆயிரத்துக்கு மேலும் போகும். எல்லாவற்றுக்கும் மேல் 13 விழுக்காடு விற்பனை வரி (எச்.எஸ்.டி.). ஆனால் காசை எடுக்கும் முன் பழைய கோப்பைத் தேடுங்கள். பொருத்திய 60 அல்லது 90 நாளுக்குள் பதிவு செய்திருந்தால் பல நிறுவனங்கள் பாகங்களுக்கு 10 ஆண்டு உத்தரவாதம் தருகின்றன. பதிவு செய்யாவிட்டால் பெரும்பாலும் 5 ஆண்டுதான். கூலி இதில் அடங்காது.

காற்றை வடிகட்டும் ஃபில்டரைப் பற்றிச் சுருக்கமாக. அடைத்த ஃபில்டரால் காற்று ஓடாமல் உட்புறம் கொதித்து, சூடு மிஞ்சாமல் காக்கும் லிமிட் சுவிட்ச் தீயை நிறுத்திவிடும். ஒவ்வாமைக்கு நல்லது என்று மிக அடர்த்தியான ஒரு அங்குல ஃபில்டரைப் போட்டாலும் சில வீடுகளில் இதுவே நடக்கும். எங்கள் சமையலில் தாளிப்புப் புகையும் எண்ணெயும் அதிகம் என்பதால் மூன்று மாதம் என்று பெட்டியில் போட்டிருந்தாலும் ஒன்றரை மாதத்தில் எடுத்துப் பார்க்கச் சொல்வேன்.

இனி பெரிய விஷயம். தீ எரியும் பகுதிக்கும் வீட்டுக் காற்றுக்கும் நடுவே நிற்கும் உலோகச் சுவர்தான் ஹீட் எக்ஸ்சேஞ்சர். அதில் விரிசல் விழுந்தால் கார்பன் மோனாக்சைடு வீட்டுக்குள் கலக்கக்கூடும். வாசனையோ நிறமோ இல்லாத நஞ்சு அது. 2008இல் ஒன்ராறியோவின் உட்ஸ்டாக் நகரில் குளிர்காயும் எரிவாயுக் கணப்படுப்பின் புகைபோக்கி அடைத்துக்கொண்டதால் தாய், தந்தை, இரண்டு பிள்ளைகள் என ஒரு குடும்பமே இறந்துபோனது. அந்தச் சாவுகளுக்குப் பிறகுதான் ஒன்ராறியோவில் எரிபொருள் சாதனம் உள்ள வீடுகளில் இதற்கான அலாரம் கட்டாயமாயிற்று. அலாரத்துக்கும் ஆயுள் உண்டு. பின்புறத்தில் தேதி இருக்கிறது, திருப்பிப் பாருங்கள்.

எக்ஸ்சேஞ்சரில் விரிசல் இருந்தால் தொழில்நுட்பர் சிவப்பு எச்சரிக்கைச் சீட்டு ஒட்டவேண்டும். 'ஏ' வகை என்றால் உடனே எரிவாயுவை மூடிவிடுவார். 'பி' வகை என்றால் குறித்த நாளுக்குள் சரிசெய்ய வேண்டும். சட்டப்படி அது அவர் கடமை. இந்தச் சீட்டையே விற்பனைக் கருவியாகப் பிடித்துக்கொண்டவர்களும் இருக்கிறார்கள். விரிசலைக் காட்டச் சொல்லுங்கள்: கேமரா வைத்துப் படம் எடுக்கலாம். எரிவாயு வேலைக்கான அவருடைய ஜி2 உரிமத்தையும், மாகாணத்தின் தொழில்நுட்பப் பாதுகாப்பு அமைப்பான டி.எஸ்.எஸ்.ஏ.வில் நிறுவனத்துக்குப் பதிவு இருக்கிறதா என்பதையும் கேளுங்கள். உண்மையான விரிசல் என்றால் மாற்றத்தான் வேண்டும். ஆனால் இரண்டு மின்ஹீட்டர்களை இரவல் வாங்கி ஒரு நாளைக் கடத்திவிட்டு, இன்னொருவரிடமும் விலை கேட்டுப் பாருங்கள். குளிரில் நடுங்கிக்கொண்டு நள்ளிரவில் போட்ட கையெழுத்துத்தான் நான் கண்ட ஃபர்னஸ்களிலேயே விலை கூடியது.

இன்னொரு கையெழுத்தும் உண்டு. ஒன்ராறியோவில் 2018 மார்ச் முதல் வீட்டுவாசலுக்கு அழையாமல் வந்து ஃபர்னஸ் விற்பதோ வாடகைக்கு விடுவதோ தடை. ஆனாலும் "இலவசப் பரிசோதனை" என்று உள்ளே வந்துவிடுகிறார்கள். வாடகை மாதம் 120 டொலர் என்பது சின்னத் தொகையாகத் தெரியும். பத்து ஆண்டில் 14,400. நல்ல ஃபர்னஸைச் சொந்தமாகவே அதில் பாதிக்கும் குறைவாகப் பொருத்தலாம். முன்பு இப்படி வாடகைக்கு எடுத்தவர்களின் வீட்டு உறுதிப் பத்திரத்திலேயே ஒரு பதிவைப் போட்டுவைத்து, வீட்டை விற்கும் நாளில் பெரும் தொகை கேட்டார்கள். 2024 ஜூனில் அந்தப் பதிவுக்கு மாகாண அரசு தடை போட்டது.

போன பெப்ரவரியில், பனிப்புயலுக்கு மறுநாள், ஓர் அன்ரி அழைத்தார். கதவைக் கழற்ற வேண்டாம், கழற்றினால் மின்சாரம் நின்றுவிடும் என்று சொல்லி, ஃபர்னஸில் உள்ள சின்னக் கண்ணாடித் துளைக்குள் விளக்கு எத்தனை தடவை சிமிட்டுகிறது என்று எண்ணச் சொன்னேன். மூன்று என்றார். அவருடைய மாடலில் மூன்று என்றால் பிரஷர் சுவிட்ச் படியில் நிற்கிறது என்று அர்த்தம். வீட்டுப் பக்கச் சுவரில் ஃபர்னஸின் காற்றும் புகையும் போய்வரும் இரண்டு வெள்ளைக் குழாய்கள் இருக்கும், பாருங்கள் என்றேன். சப்பாத்தைப் போடும் சத்தம், கதவு திறக்கும் சத்தம், பிறகு ஒரு நீண்ட "ஐயோ". குழாய் இரண்டும் பனிக்குள் புதைந்திருந்தன. மகன் மண்வெட்டியோடு ஓடினார். இருபது நிமிடம் கழித்துத் திரும்ப அழைத்து, சூடு வருகிறது, உங்களுக்கு எவ்வளவு தரவேண்டும் என்று கேட்டார். குழாயைச் சுற்றி ஓர் அடிக்குப் பனி சேரவிடாமல் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு வைத்தேன்.