மண் மாறவில்லை, தொட்டி மாறியது

"தெற்கு இத்தாலி ஒயின் என்றாலே ஒரு காலத்தில் மட்டமான சரக்கு என்பார்கள். இப்போது தேடி வாங்குகிறார்களே, மண்ணா மாறிவிட்டது?" என்று ஒரு வாசகர் கேட்டிருக்கிறார். மண் அப்படியேதான் இருக்கிறது. வெள்ளை ஒயினைப் பொறுத்தவரை, பெரிதாக மாறியது தொட்டி.

ஈஸ்ட் சர்க்கரையை ஆல்கஹாலாகவும் கார்பன் டை ஆக்சைடாகவும் உடைக்கும். பள்ளிப் பாடம்தான். கூடவே வெப்பமும் வருகிறது. லிட்டருக்கு 200 கிராம் சர்க்கரை உள்ள சாறு புளித்து முடிப்பதற்குள், அந்தச் சாற்றையே 25 டிகிரி சூடேற்றும் அளவுக்கு வெப்பம் வெளியாகும். டம்ளர் காபி ஆறுகிற வேகத்தில் அண்டா சாம்பார் ஆறுமா? பெரிய தொட்டியும் அப்படித்தான். செப்டம்பர் வெயிலில் பறித்த பழம் வேறு. 40 டிகிரியை நெருங்கினால் ஈஸ்ட் சாகத் தொடங்கும். மிச்சச் சர்க்கரையில் பாக்டீரியா புகுந்து வினிகர் நெடி ஏற்றிவிடும்.

அடுத்ததுதான் எனக்கு ரொம்பப் பிடித்த இடம். அந்த ஒரு லிட்டர் சாறு சுமார் 50 லிட்டர் வாயுவை வெளிவிடுகிறது! பழ வாசனை தரும் எஸ்டர்களை ஈஸ்ட்தான் தயாரிக்கிறது; அவை சட்டென்று ஆவியாகிறவை. மேலே போகும் ஒவ்வொரு குமிழியும் கொஞ்சம் வாசனையை அள்ளிக்கொண்டு போகும். சாறு சூடாக இருந்தால் நிறையவே போகும். ஒயின் புளிக்கும் அறை கமகமவென்று மணந்தால், அது பாட்டிலுக்குப் போய்ச் சேராத மணம். 15 முதல் 18 டிகிரிக்குள் வைத்தால் எஸ்டர்கள் சாற்றிலேயே தங்கும். என்ன, சில நாளில் முடிகிற வேலை இரண்டு மூன்று வாரம் இழுக்கும்.

அதற்குத்தான் சுவருக்குள் குளிர்ந்த திரவம் ஓடும் எவர்சில்வர் தொட்டிகள். 1986-ல் மெத்தனால் கலந்த ஒயினால் இத்தாலியில் 20 பேருக்கு மேல் இறந்ததும், மலிவாக அள்ளி விற்கும் வியாபாரத்துக்கு அடி விழுந்தது. 1992-ல் ஒயின் சட்டமும் திருத்தப்பட்டது. அதிகம் பேர் அறியாத திராட்சைகளுக்கு மரியாதை வந்தது: தெற்கே அவெல்லினோவின் ஃபியானோ, வடக்கே பியட்மாண்டில் வால்டர் மாஸா என்பவர் மீட்டெடுத்த திமொராஸோ.

இந்தப் பெருமையை நிலாப் பார்த்து அறுவடை செய்வதற்கும், மாட்டுக் கொம்பில் சாணம் அடைத்துப் புதைப்பதற்கும் கொடுப்பவர்கள் இன்றும் உண்டு. நான் தெர்மாமீட்டருக்குத்தான் கொடுப்பேன்.

சிவப்பு ஒயினுக்கு இவ்வளவு குளிர் ஒத்துவராது. தோலிலிருந்து நிறமும் துவர்ப்பும் இறங்க 25 முதல் 30 டிகிரி வேண்டும். அங்கே அதே தொட்டியின் வேலை, சூடு அதற்கு மேல் ஏறாமல் பிடித்து நிறுத்துவது.