சுட்டவன் கணக்கும் இழந்தவன் கணக்கும்

விமானப்படையில் விமானப் பராமரிப்புப் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். இப்போது கேரளத்தின் கொழிஞ்சாம்பாறையில் விமானப்படைத் தேர்வுக்குப் பிள்ளைகளைத் தயார் செய்கிறேன். தமிழக எல்லை தாண்டினால் சூலூர் விமானப்படைத் தளம். அங்கே தேஜஸ் போர் விமானம் பறப்பதைப் பார்த்து ஆசை பிடித்து வருகிறவர்கள்தான் பாதிப் பேர். சென்ற வாரம் தமிழ்வழியில் படிக்கும் பத்தாம் வகுப்பு மாணவி ஒருத்தி, கட்டுரைப் போட்டிக்கு எழுதியதைத் திருத்தித் தரக் கேட்டாள். 1965 இந்திய-பாகிஸ்தான் போரில் யார் எத்தனை விமானம் இழந்தார்கள் என்று ஓர் அட்டவணை போட்டிருந்தாள். நம் இழப்புக்கு நம் தரப்பு ஒப்புக்கொண்ட எண். பாகிஸ்தான் இழப்புக்கு நம்மவர்கள் வீழ்த்தியதாகச் சொன்ன எண். வகுத்து ஒரு விகிதம். வாட்ஸ்ஆப்பில் வந்த படமாம். 2025 மே மாத இந்திய-பாகிஸ்தான் மோதலுக்குப் பிறகு இதே போன்ற படங்களைப் பார்த்துப் பார்த்து எனக்குப் பொறுமை போய்விட்டது.

அந்த அட்டவணையில் இரண்டு எண்களும் நம் வாயிலிருந்தே வந்தவை. அது ஒப்பீடே அல்ல. எல்லையின் அந்தப் பக்கத்துப் பிள்ளை அவர்கள் வாயிலிருந்து வந்த இரண்டு எண்களை வைத்து நேர்மாறான விகிதம் எழுதுவான். இரண்டு பேருமே நாட்டுப்பற்றோடுதான் எழுதுகிறார்கள், இரண்டு பேர் கணக்குமே தப்பு.

கொரியப் போரைப் பாருங்கள். தங்கள் சேபர் போர் விமானங்களின் விமானிகள் எதிரியின் 792 மிக்-15 போர் விமானங்களை வீழ்த்தினார்கள், வான்சண்டையில் போன சேபர்கள் 78தான் என்று அமெரிக்க விமானப்படை அறிவித்தது. பத்துக்கு ஒன்று என்ற விகிதம் அப்படிப் பிறந்ததுதான். அங்கே பறந்த சோவியத் 64ஆம் படையணியோ ஆயிரத்துக்கும் மேற்பட்ட எதிரி விமானங்களை வீழ்த்தியதாக எழுதியிருக்கிறது. தான் இழந்தது 335 என்கிறது. சீன, வட கொரிய இழப்புகள் இதில் சேராது. ஒரே வானம், ஒரே சண்டை, இரண்டு தரப்புக்குமே அமோக வெற்றி! இது எப்படி நடக்கும் என்று ஒரு நிமிடம் யோசித்தால் போதுமே.

விமானிகள் பொய் சொல்கிறார்கள் என்று நான் சொல்லவில்லை. தயவுசெய்து அப்படி எடுத்துக்கொள்ளாதீர்கள். ஒரே விமானத்தை இரண்டு பேர் சுட்டால் இரண்டு பேரும் எழுதுவார்கள். புகை கக்கிக்கொண்டு மேகத்துக்குள் இறங்கிய விமானம் விழுந்ததா, வீடு போய்ச் சேர்ந்ததா என்று துரத்தியவனுக்குத் தெரியாது. எங்களுக்குத் தெரியும். ஓட்டை விழுந்து திரும்பி வந்ததற்குத் தகடு வைத்து ரிவெட் அடித்து மறுபடி பறக்கவிடுவதுதான் பராமரிப்புக்காரன் பிழைப்பு. எதிரி ஏட்டில் அது செத்த விமானம். விமானத்தின் பராமரிப்பை எழுதும் எங்கள் படிவம் 700இல் அது பழுது பார்க்க வேண்டிய விமானம்.

இரண்டாம் உலகப் போரில், 1940 செப்டம்பர் 15 அன்று 185 ஜெர்மானிய விமானங்களை வீழ்த்தியதாகப் பிரிட்டன் அறிவித்தது. லண்டன் பத்திரிகை விற்பவர்கள் கிரிக்கெட் ஸ்கோர் போலப் பலகையில் எழுதி விற்ற காலம் அது. போருக்குப் பின் ஜெர்மானியரின் இழப்பேடுகளைப் பார்த்தபோது ஏறத்தாழ 60தான் இருந்தது. அப்படியும் அன்று வென்றது பிரிட்டன்தான். இங்கே இன்னொன்றையும் பார்க்க வேண்டும். சொந்த மண்ணுக்கு மேலே பாராசூட்டில் குதித்த பிரிட்டிஷ் விமானி, காயமில்லாவிட்டால் அடுத்த நாளே பறப்பான். குதித்த ஜெர்மானியன் சிறைக்குப் போவான். விமானத்துக்கு விமானம் சமமாகப் போனாலும் இழப்பு சமமல்ல.

நம் கதைக்கு வருவோம். 1965 செப்டம்பர் 7 அன்று பாகிஸ்தானின் சர்கோதா விமானத் தளத்துக்கு மேலே ஒரு நிமிடத்துக்குள் நம் ஹண்டர் போர் விமானங்கள் ஐந்தை வீழ்த்தியதாகப் பாகிஸ்தான் விமானி எம்.எம். ஆலம் பெயரில் சொல்கிறார்கள். நம் இழப்பேட்டில் அந்தச் சண்டையில் ஐந்து ஹண்டர்கள் இல்லை என்று நாம் மறுக்கிறோம். சரி. அப்படியானால் அதே ஆண்டு செப்டம்பர் 3 அன்று நம் விமானி டிரெவர் கீலர் வீழ்த்தியதாக நாம் கொண்டாடும் பாகிஸ்தானின் சேபர், அடிபட்டாலும் தளத்துக்குத் திரும்பிவிட்டது என்று பாகிஸ்தான் சொல்வதையும் காது கொடுத்துக் கேட்க வேண்டும். ஒரே அளவுகோல்தான் இருக்க முடியும். கீலரின் துணிச்சல் அதனால் இம்மியும் குறையாது.

அதே செப்டம்பர் 3 அன்று நம் நாட் (Gnat) என்ற சிறு போர் விமானம் ஒன்று பாகிஸ்தானின் பஸ்ரூர் ஓடுதளத்தில் இறங்கிவிட்டது. இன்று கராச்சி விமானப்படை அருங்காட்சியகத்தில் நிற்கிறது. அது வான்சண்டையில் விழுந்ததா? இல்லை. இழப்பா? ஆம். நம் விமானத் தளங்களான பதான்கோட்டிலும் கலைகுண்டாவிலும் தரையில் நின்றபடியே எரிந்தவையும் அப்படித்தான். தரை, விமான எதிர்ப்புத் துப்பாக்கி, விபத்து எல்லாவற்றையும் ஒரே மூட்டையில் கட்டிவிட்டு 'வான்சண்டையில்' என்று தலைப்புப் போடாதீர்கள்.

இரண்டு ஏடும் ஏறக்குறைய பொருந்துகிற சண்டை வேண்டுமா? 1971 நவம்பர் 22, மேற்கு வங்க எல்லையில் போய்ரா. நம் நாட் விமானிகள் மூன்று சேபர் என்றார்கள். பாகிஸ்தான் இரண்டை ஒப்புக்கொண்டது. மூன்றாவது அடிபட்டுத் திரும்பியது என்றது. இரண்டு விமானிகள் நம்மிடம் சிறைப்பட்டார்கள். அவர்களில் ஒருவரான பர்வேஸ் மெஹ்தி குரேஷி பின்னாளில் அவர்கள் விமானப்படைக்கே தளபதியானார். இதில் யாரும் இரண்டை மறுக்க முடியாது. காரணம், ஆள் இருக்கிறான், பெயர் இருக்கிறது.

எனவே பிள்ளைகளே, எண்ணைப் பார்த்ததும் இது சுட்டவன் சொன்னதா, இழந்தவன் எழுதியதா என்று முதலில் கேளுங்கள். இழந்தவன் ஏட்டையே எடுங்கள். போர் நடக்கும்போது அவனும் மறைப்பான், ஆகவே விமானத்தின் வாலில் எழுதிய எண், விமானி பெயர், விழுந்த இடம் தேடுங்கள். எத்தனை முறை பறந்து அத்தனை இழந்தார்கள் என்று பாருங்கள். அதிகம் பறந்தவன் அதிகம் இழப்பான். விகிதம் மட்டும் போட்ட படத்தை யாருக்கும் அனுப்பாதீர்கள்.

2025 மே பற்றிக் கேட்டால், எண் சொல்லாமல் நம் அப்போதைய முப்படைத் தலைமைத் தளபதி நம் இழப்பை ஒப்புக்கொண்டார். பாகிஸ்தானின் ஐந்து போர் விமானங்களும் ஒரு பெரிய விமானமும் வீழ்த்தப்பட்டதாக நம் அப்போதைய விமானப்படைத் தளபதி அந்த ஆண்டு ஆகஸ்டில் சொன்னார். பாகிஸ்தான் தன் எண்ணைச் சொல்கிறது. இரண்டு பக்க இழப்பேடும் இன்னும் முழுதாகத் திறக்கவில்லை. நேர்முகத் தேர்வில் கேட்டால் இதை இப்படியே சொல்லுங்கள், விகிதம் சொல்லாதீர்கள்.