குறைந்த அளவு என்ற கணக்கு செடிக்குக் கிடையாது

"செடிதானேம்மா?" என்றுதான் அந்தப் பெரியவர் முதலில் கேட்டார்.

போச்சம்பள்ளிப் பக்கத்து விவசாயி. தக்காளி போட்டிருக்கிறார், கொஞ்சம் மாந்தோப்பும் உண்டு. விடிவதற்கு முன்பே பஸ் ஏறி, பெங்களூரு மடிவாளாவில் இறங்கி, வழி கேட்டுக் கேட்டு அல்சூரில் இருக்கும் என் வக்கீல் அலுவலகத்துக்கு வந்து சேர்ந்திருந்தார். மடியில் ஒரு மஞ்சப்பை. மகனின் பி.இ. சான்றிதழ், ரேஷன் கார்டு, நிலத்துப் பட்டா என்று வீட்டில் இருந்த காகிதத்தையெல்லாம் அதில் போட்டுக் கொண்டுவந்திருந்தார். எதைக் கேட்பார்களோ என்று அவருக்குத் தெரியவில்லை. முந்தின நாள் இரவுதான் மகனின் நண்பன் போன் செய்து, "அப்பா, இவனை ஸ்டேஷனுக்குக் கூட்டிட்டுப் போயிட்டாங்க" என்று சொல்லியிருக்கிறான்.

மகன் மாரத்தஹள்ளியில் சாஃப்ட்வேர் வேலையில் இருந்தவன். இன்னும் இரண்டு பேரோடு வாடகை வீடு. தன் அறையின் துணி அலமாரியைக் காலிசெய்து, உள்ளே சிஎஃப்எல் விளக்குகளை மாட்டி, கஞ்சாச் செடி வளர்த்திருந்தான். போலீஸ் பறிமுதல் செய்த பொருள்களின் பட்டியலான மகஜர் கன்னடத்தில் இருந்தது. பெரியவருக்கு ஒவ்வொரு வரியாகத் தமிழில் படித்துச் சொன்னேன். சுமார் இரண்டடி உயரமுள்ள பச்சைச் செடிகள் 3. பிளாஸ்டிக் வாளி 3. சிஎஃப்எல் பல்பு 8. ஹோல்டர் பொருத்திய மரப்பலகை 1. எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் 2. சிறிய மேசை விசிறி 1. "மூணு செடியா?" என்று நடுவில் நிறுத்திக் கேட்டார். ஆயிரக்கணக்கில் நாற்று நட்ட கை அவருடையது. மூன்று செடிக்காக ஒருவனைப் பிடித்துப் போவார்கள் என்பது அவர் மனதில் ஏறவே இல்லை.

இந்த நகரத்தில் இருபது வருடத்துக்கு மேலாக கிரிமினல் வழக்கு நடத்துகிறேன். இதுபோன்ற வழக்குகளில் வரும் பையன்களில் பலர் தமிழ்நாட்டிலிருந்து வேலைக்கு வந்தவர்கள், குடும்பத்தின் முதல் பட்டதாரிகள். அவர்களுக்காகவும் அவர்களைப் பெற்றவர்களுக்காகவும் இதை எழுதுகிறேன். ஆளை அடையாளம் காண முடியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். சட்டம் சம்பந்தப்பட்டதில் எதையும் மாற்றவில்லை.

அந்தப் பையனை ஜெயிலில் பார்த்தபோது அவன் சொன்ன காரணத்தை வேறு பலரிடமும் கேட்டிருக்கிறேன். "மேடம், நான் யார்கிட்டயும் வாங்கப் போகலை, யாருக்கும் விக்கலை. டீலர்கிட்ட போனாத்தானே பிரச்சினை? அதுக்குத்தான் வீட்டுக்குள்ளேயே வெச்சேன். எல்லாம் சேர்த்தாலும் ஒரு கிலோவே வராது. ஒரு கிலோவுக்குள்ளன்னா ஃபைன் கட்டிட்டு வந்துடலாம்னு படிச்சேன்."

அவன் படித்தது முழுப் பொய் இல்லை, பாதி உண்மை. அந்தப் பாதி உண்மைதான் அவனை உள்ளே தள்ளியது.

போதைப்பொருள் தடுப்புச் சட்டம், அதாவது நாங்கள் கோர்ட்டில் என்டிபிஎஸ் என்று சொல்லும் சட்டம், 1985 நவம்பர் 14-ஆம் தேதி அமலுக்கு வந்தது. அதன் 20-ஆம் பிரிவு கஞ்சாவைப் பற்றியது. அந்தப் பிரிவில் இரண்டு தனித்தனிக் கதவுகள் இருக்கின்றன. ஒன்று, கஞ்சாவைக் கையில் வைத்திருப்பது, வாங்குவது, விற்பது, கடத்துவது. இதற்கு எடைக் கணக்கு உண்டு. 1 கிலோவுக்குக் குறைவாக இருந்தால் 'குறைந்த அளவு'. அதற்கு ஓராண்டு வரை கடுங்காவல், அல்லது 10,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். 1 கிலோ முதல் 20 கிலோ வரை இருந்தால் பத்தாண்டு வரை சிறையும் ஒரு லட்சம் வரை அபராதமும். 20 கிலோவைத் தாண்டினால் 'வணிக அளவு', குறைந்தபட்சமே பத்தாண்டு.

இன்னொரு கதவு, செடி வளர்ப்பது. இதற்கு எடைக் கணக்கே கிடையாது. எத்தனை செடி, எவ்வளவு உயரம், பூத்ததா, பூக்கவில்லையா, தனக்கா, விற்பனைக்கா என்று தண்டனைப் பிரிவு பிரித்துப் பார்ப்பதில்லை. எந்தக் கஞ்சாச் செடியை வளர்த்தாலும் பத்தாண்டு வரை கடுங்காவல், ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம். குறைந்தபட்சத் தண்டனை என்று ஒன்றும் சொல்லவில்லை என்பதால் நீதிபதி குறைத்துக் கொடுக்கலாம், உண்மைதான். ஆனால் உச்சத் தண்டனையை வைத்துப் பார்த்தால், அலமாரிக்குள் ஒரே ஒரு செடி வைத்தவனும் 19 கிலோ மூட்டையோடு பஸ் ஸ்டாண்டில் பிடிபட்டவனும் ஒரே படியில்தான் நிற்கிறார்கள். இதைச் சொன்னபோது அந்தப் பையன் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "அப்போ வாங்கியிருந்தா கம்மியா மேடம்?" என்று கேட்டான். வாங்குவதும் குற்றம்தான் என்றேன். ஆனால் தண்டனைக் கணக்கில் அவன் கேட்டது சரிதான்.

செடி வளர்ப்பதன் முழுக் கனமும் வழக்கு முடியும்போதுதான் தெரியும். பழக்கத்துக்கு அடிமையானவர்களுக்கு இந்தச் சட்டம் ஒரு வழியைத் திறந்து வைத்திருக்கிறது. 64ஏ பிரிவின்படி, போதைப்பொருளை உட்கொண்டதாகவோ குறைந்த அளவு சம்பந்தப்பட்ட குற்றத்துக்காகவோ வழக்கு உள்ளவர், அரசு நடத்தும் அல்லது அங்கீகரித்த மருத்துவமனையில் தானே முன்வந்து சிகிச்சை எடுத்தால், வழக்கிலிருந்து பாதுகாப்புக் கிடைக்கும். சிகிச்சையை முழுதாக முடிக்க வேண்டும், அதுதான் நிபந்தனை. வெறும் உட்கொண்ட குற்றத்துக்குத் தண்டனை கிடைத்தாலும், நன்னடத்தையின் பேரில் விடுவிக்கும்படி கேட்கலாம். செடி வளர்த்தவருக்கோ 33-ஆம் பிரிவு அதை அடைத்துவிடுகிறது. பதினெட்டு வயது தாண்டியவர் என்றால் நன்னடத்தைச் சட்டத்தைக் காட்டிக் கேட்கவே முடியாது. "முதல் தப்புங்க, சின்னப் பையன், விட்டுடுங்க" என்று தகப்பனார் கையெடுத்துக் கும்பிடுகிற நேரத்தில், அதைக் கேட்க எங்களுக்குச் சட்டத்தில் இடம் இருப்பதில்லை. இவ்வளவு வருடம் கழித்தும் எனக்கு அந்த நிமிடம் பழகவில்லை.

பையன்களின் குழப்பம் எங்கிருந்து வருகிறது என்பதும் எனக்குப் புரிகிறது. அவர்கள் பார்க்கிற வீடியோ கனடாவில் எடுத்தது. அங்கே 2018 அக்டோபர் 17 முதல் சட்டப்படி அனுமதி, பெரும்பாலான மாகாணங்களில் வீட்டுக்கு நான்கு செடி வைக்கலாம். ஜெர்மனியில் 2024 ஏப்ரல் 1 முதல் வயது வந்த ஒருவர் மூன்று செடி வரை வைக்கலாம். அங்கே இருப்பவர் கேமரா முன்னால் முகத்தைக் காட்டி பல்பு மாட்டுகிறார். அதே வீடியோவை மாரத்தஹள்ளியில் உட்கார்ந்து பார்க்கிறவனுக்கு, இது தொட்டிச்செடி வளர்ப்பது போல ஒரு பொழுதுபோக்கு என்று தோன்றிவிடுகிறது.

நம் ஊரிலும் குழப்பத்துக்குக் குறைவில்லை. 2021-இல் உணவுப் பாதுகாப்பு ஆணையம் ஹெம்ப் எனப்படும், நாருக்காகவும் விதைக்காகவும் வளர்க்கும் கஞ்சா வகையின் விதை, விதை எண்ணெய், விதை மாவு ஆகியவற்றை உணவாக விற்கக் கட்டுப்பாடுகளோடு அனுமதித்தது. உத்தராகண்டில் நாருக்காகவும் விதைக்காகவும் ஹெம்ப் பயிரிட உரிமம் தருகிறார்கள். ஆகவே கடையில் விற்கிற விதையை மண்ணில் போட்டால் என்ன தப்பு என்று கேட்கிறார்கள். தப்புதான். சட்டத்தில் 'கஞ்சா' என்றால் பூக்கும், காய்க்கும் நுனிகள். விதையும் இலையும் அந்த நுனிகள் இல்லாமல் தனியாக இருந்தால் அந்த விளக்கத்துக்குள் வராது. ஆனால் 'கஞ்சாச் செடி' என்பதற்கு விளக்கமே வேறு. அந்தப் பேரினத்தைச் சேர்ந்த எந்தச் செடியும் அதில் அடங்கும். விதை பாக்கெட்டில் இருக்கும்வரை ஒரு கதை, முளைத்து நின்றால் வேறு கதை. உத்தராகண்டில் கொடுக்கும் உரிமம் பெங்களூரு வாடகை வீட்டு அலமாரிக்குச் செல்லாது.

கூட இருந்த இருவரில் ஒருவன் மதுரைக்காரன். பீடி சிகரெட்டுகூடத் தொடாதவன். அவனையும் சேர்த்துத்தான் அழைத்துப் போனார்கள். உடந்தை, கூட்டுச்சதி என்றால் 29-ஆம் பிரிவில் அதே தண்டனை. தெரிந்தே இடத்தைப் பயன்படுத்த அனுமதித்தால் 25-ஆம் பிரிவில் அதே தண்டனை, அது வீட்டு உரிமையாளருக்கும் பொருந்தும், குடியிருப்பவருக்கும் பொருந்தும். 'தெரிந்தே' என்ற சொல்தான் அவனைக் காப்பாற்ற எங்களுக்கு இருந்த பிடி. ஆனால் அடுத்த அறையில் ராப்பகலாக விளக்கு எரிந்தது, வாடை வந்தது, உனக்குத் தெரியாதா என்று அரசுத் தரப்பு கேட்கும். இந்தச் சட்டத்தில் குற்ற மனநிலை இருந்ததாக நீதிமன்றம் முதலிலேயே அனுமானிக்கும், 35-ஆம் பிரிவு. இல்லை என்று சந்தேகத்துக்கு இடமில்லாமல் காட்டும் பாரம் குற்றம் சாட்டப்பட்டவர் தலையில். தமிழ்க்காரன், நம்மவன் என்று அட்வான்ஸில் பங்கு போட்டு ஒரே வீட்டில் சேருகிற பையன்கள் இதைக் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டும். ரூம்மேட்டை மாட்டிவிடச் சொல்லவில்லை. நிறுத்து என்று சொல்லுங்கள். கேட்கவில்லை என்றால் அந்த வீட்டைவிட்டு வெளியே வாருங்கள்.

வீட்டு உரிமையாளர் எழுபது வயது அம்மா. தினமும் ஸ்டேஷனுக்கு வரச் சொல்லி, வாடகை ஒப்பந்தத்தைக் கொண்டுவரச் சொல்லி, அவர் அலைந்த அலைச்சல் தனிக்கதை.

விளக்கைப் பற்றியும் ஒரு விஷயம் சொல்ல வேண்டும். பறிமுதல் செய்த பொருள்களை கோர்ட்டில் அட்டைப் பெட்டியிலிருந்து எடுத்து அடையாளம் காட்டியபோது பக்கத்தில் நின்று பார்த்தேன். ஹோல்டர்களின் பிளாஸ்டிக் சூட்டில் பழுத்துக் காப்பி நிறமாகியிருந்தது. ஒரு ஒயரின் மேல்தோல் உருகி மரப்பலகையோடு ஒட்டியிருந்தது. மர அலமாரி, ஒன்றில் ஒன்றாகச் செருகிய எக்ஸ்டென்ஷன் பாக்ஸ், கீழே ஈர மண், கதவைச் சாத்திவிட்டு ஆள் ஆபீசுக்குப் போய்விடுவான். மேல்மாடியில் கைக்குழந்தையோடு ஒரு குடும்பம் இருந்தது. சிஎஃப்எல் குழாய்க்குள் சில மில்லிகிராம் பாதரசமும் உண்டு. பூட்டிய அறையில் அது உடைந்தால் அந்த ஆவியை மூச்சில் இழுக்க வேண்டியதுதான்.

இனி, பெற்றவர்களுக்கு. போன் வந்த இரவில் என்ன செய்வதென்று தெரியாமல்தான் நிறையப் பேர் பணத்தை இழக்கிறார்கள். கோர்ட் வாசலில் ஒருவர் வந்து தமிழிலேயே பேசுவார். "நான் முடிச்சுக் குடுத்துடறேன், நாளைக்கே வெளிய வந்துடுவான்" என்பார். அந்தப் பெரியவரும் நாற்பதாயிரம் ரூபாயை அப்படிக் கொடுத்துவிட்டுத்தான் என்னிடம் வந்தார். மாம்பழம் விற்று வைத்திருந்த பணம். திரும்பி வரவில்லை.

கைது செய்தால் காரணத்தைச் சொல்ல வேண்டும், 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும், விருப்பமான வக்கீலைப் பார்க்க விட வேண்டும். இது அரசியலமைப்பின் 22-ஆவது பிரிவு தரும் உரிமை. 2024 ஜூலை 1-இல் வந்த புதிய நடைமுறைச் சட்டப்படி சோதனையையும் பறிமுதலையும் வீடியோவில் பதிவு செய்ய வேண்டும். அந்தப் பதிவு எங்கே என்று முதல் நாளே கேளுங்கள். வெற்றுத்தாளில் கையெழுத்துப் போட வேண்டாம் என்று பையனிடம் சொல்லுங்கள். போதைப்பொருள் வழக்கை விசாரிக்கும் அதிகாரியிடம் கொடுத்த ஒப்புதல் வாக்குமூலத்தை வைத்துத் தண்டிக்க முடியாது என்று உச்ச நீதிமன்றம் 2020 அக்டோபரில் தீர்ப்பளித்தது. தமிழ்நாட்டிலிருந்து போன வழக்கு அது. ஆகவே பயத்தில் எதையாவது எழுதிக் கொடுத்திருந்தாலும் எல்லாம் முடிந்தது என்று உட்கார்ந்துவிடாதீர்கள். வக்கீல் வைக்க வசதி இல்லை என்றால் 15100 என்ற எண்ணுக்கு அழையுங்கள், சட்ட உதவி ஆணையத்தின் இலவச எண்.

செடி வளர்ப்பு வழக்கில் ஜாமீன் கிடைக்குமா? கிடைக்கும். வணிக அளவு வழக்குகளுக்கு 37-ஆம் பிரிவு போடும் கடுமையான தடை இதற்கு இல்லை. ஆனால் ஸ்டேஷனிலேயே கையெழுத்துப் போட்டுவிட்டு வருகிற வழக்கும் இது இல்லை. சிறப்பு நீதிமன்றத்தில் மனுப்போட வேண்டும், ஜாமீன்தாரர் வேண்டும். அந்தப் பெரியவரின் பட்டா அதற்கு உதவவில்லை, உள்ளூர் ஜாமீன்தான் வேண்டும் என்றார்கள். பையன் பரப்பன அக்ரஹாரம் ஜெயிலில் 41 நாள் இருந்தான். அதற்குள் வேலை போய்விட்டது. வழக்கு நிலுவையில் இருக்கும்வரை பாஸ்போர்ட்டைப் புதுப்பிக்கவும் நீதிமன்ற அனுமதி வாங்க வேண்டும். ஆன்சைட், அதாவது வெளிநாட்டு வேலை என்ற கனவோடு வந்தவனுக்கு அது எவ்வளவு பெரிய அடி என்று சொல்ல வேண்டியதில்லை.

இதைப் படிக்கிறவர்களில் யாருடைய அலமாரியிலாவது இப்போது விளக்கு எரிந்துகொண்டிருந்தால், இன்றைக்கே ஒரு வக்கீலிடம் பேசுங்கள். நீங்கள் சொல்வதை வெளியே சொல்ல அவருக்குச் சட்டம் அனுமதி தரவில்லை. பழக்கத்தை விட முடியவில்லை என்றால், ஓசூர் ரோட்டில் நிம்ஹான்ஸ் மனநல மருத்துவமனை இருக்கிறது, போதை மறுவாழ்வுக்கென்றே தனிப் பிரிவு உண்டு. தமிழ் பேசும் டாக்டர்களை அங்கே நான் பார்த்திருக்கிறேன். 14446 போதை மீட்பு உதவி எண், 14416 மனநல உதவி எண், இரண்டும் இலவசம். வழக்கு வருவதற்கு முன்னால் போனால் யாருடைய அனுமதியும் தேவையில்லை.

அந்த வழக்கு இப்போது சாட்சி விசாரணையில் இருக்கிறது. ஒவ்வொரு வாய்தாவுக்கும் பெரியவர் முதல் பஸ்ஸில் வந்துவிடுகிறார். பையன் ஊரில் அவரோடு தோட்டத்தில்தான் வேலை பார்க்கிறான். போன வாய்தாவில் ஒரு பை தக்காளி கொண்டுவந்து என் மேசையில் வைத்து, "இது அவன் நட்டதும்மா" என்றார்.