துணி உலர்த்தி சூடாகவில்லையா? முதலில் காற்றைப் பாருங்கள்

டிரம் சுற்றுகிறது. விசிறி ஓடும் சத்தமும் கேட்கிறது. முக்கால் மணி நேரம் கழித்துக் கதவைத் திறந்து கையை விட்டால், துணி போட்டபோது இருந்த மாதிரியே ஈரமாக, சில்லென்று இருக்கிறது. எங்கள் வீட்டு டிரையரில் இது நடந்தபோது, பிளக்கைப் பிடுங்கிவிட்டு, பின்பக்கத் தகட்டைக் கழற்றி, மின்தடையை அளக்கும் மல்டிமீட்டரால் ஒவ்வொரு பாகமாகச் சோதித்துப் பார்த்தேன். வெப்ப ஃபியூஸ் போயிருந்தது. சூடு மிஞ்சினால் அறுந்து மின்சாரத்தை நிறுத்தும், விரல் நுனி அளவுள்ள வெள்ளைப் பிளாஸ்டிக் துண்டு அது. புதிதாக ஒன்று வாங்கிப் போட்டதும் இயந்திரம் சூடானது. எனக்கும் ரொம்ப சந்தோஷம். ஒன்பதாம் நாள் அந்தப் புது ஃபியூஸும் போனது. அப்போதுதான் இயந்திரத்தைச் சுவரிலிருந்து முழுவதுமாக இழுத்துப் பார்த்தேன். ஈரக் காற்றை வெளியே கொண்டுபோகும் மடிப்புக் குழாய், சுவருக்கும் இயந்திரத்துக்கும் நடுவில் அகப்பட்டுச் சப்பையாகக் கிடந்தது. விரல் நுழையும் அளவுக்குக்கூட வழியில்லை.

அன்றிலிருந்து டிரையர் கோளாறு என்று யார் சொன்னாலும் நான் முதலில் கேட்பது காற்றைப் பற்றித்தான்.

துணி உலர இரண்டு காரியங்கள் நடக்க வேண்டும். துணியில் இருக்கும் நீர் ஆவியாக வேண்டும். அந்த ஆவி அங்கிருந்து வெளியேற வேண்டும். முதல் வேலைக்கு வெப்பம் தேவை, அதுவும் கொஞ்சநஞ்சமல்ல. டிரத்துக்குள் இருக்கும் சூட்டில் 1 கிலோ நீரை ஆவியாக்க ஏறக்குறைய 2,400 கிலோஜூல் ஆற்றல் செலவாகும். ஒரு யூனிட் மின்சாரம் என்பது 3,600 கிலோஜூல். கணக்குப் போட்டால், கிலோவுக்கு மூன்றில் இரண்டு பங்கு யூனிட். துவைத்துப் பிழிந்த துணியில் 3 கிலோ நீர் தங்கியிருந்தால், எதுவுமே வீணாகாவிட்டாலும் 2,000 வாட் ஹீட்டர் 1 மணி நேரம் நிற்காமல் எரிந்தாக வேண்டும். அதனால், துணி காய ரொம்ப நேரம் ஆகிறதென்றால், துவைக்கும் இயந்திரம் ஒழுங்காகப் பிழிகிறதா என்றும் ஒரு பார்வை பார்ப்பது நல்லது. உலர்ந்த நிலையில் 5 கிலோ இருந்த துணி, பிழிந்த பிறகு 9 கிலோ இருந்தால் டிரையரைக் குறை சொல்லிப் பயனில்லை.

இரண்டாவது வேலைதான் காற்றினுடையது. 25 டிகிரி செல்சியஸில் 1 கன மீட்டர் காற்று சுமார் 23 கிராம் நீராவியைத்தான் தாங்கும். 60 டிகிரியில் அதே அளவு காற்று 130 கிராம் தாங்கும். சூடான காற்றுக்கு ஈரத்தை வாங்கிக்கொள்ளும் வயிறு பெரிது. ஆனால் வயிறு நிறைந்த காற்று வெளியே போய், புதுக் காற்று உள்ளே வந்தால்தான் வேலை தொடரும். நிறைந்த காற்று உள்ளேயே தேங்கினால் டிரத்துக்குள் புழுக்கம்தான் மிஞ்சும், துணி காயாது.

இதை மனதில் வைத்துக்கொண்டு இயந்திரத்தைத் திறந்து பார்த்தால் அதன் அமைப்பு எளிதாகப் பிடிபடும். பெரும்பாலான டிரையர்களில் ஒரே மோட்டார் இரண்டு வேலை செய்கிறது. அச்சின் ஒரு முனையில் சின்னக் கப்பி. அதிலிருந்து ஒரு நீள பெல்ட் டிரத்தையே சுற்றி வந்து அதைச் சுழற்றுகிறது. மறு முனையில் விசிறி. விசிறி இழுக்க, அறைக் காற்று ஹீட்டரின் சுருள் கம்பியான காயிலைக் கடந்து, டிரத்துக்குள் புகுந்து, துணிகளின் ஊடே போய், பஞ்சு வடிகட்டியைத் தாண்டி, குழாய் வழியாக வெளியேறுகிறது. டிரத்தின் வேகத்திலும் ஒரு அழகான கணக்கு இருக்கிறது. 60 சென்டிமீட்டர் விட்டமுள்ள டிரம் நிமிடத்துக்குச் சுமார் 55 சுற்றைத் தாண்டினால் துணி சுவரோடு ஒட்டிக்கொண்டு கூடவே சுற்றும், கீழே விழாது. ரொம்ப மெதுவாகப் போனாலோ அடியிலேயே புரண்டுகொண்டிருக்கும். அந்த எல்லைக்குச் சற்றுக் கீழே ஓடினால்தான் துணி உச்சிவரை ஏறி, பிரிந்து, சூடான காற்றினூடே விழும்.

இப்போது குழாய் அடைபட்டால் என்ன ஆகும்? ஹீட்டர் அதே அளவு வெப்பத்தைக் கொட்டிக்கொண்டே இருக்கிறது, அதை வாங்கிக்கொண்டு போகக் காற்று இல்லை. ஹீட்டர் பெட்டி மளமளவென்று சூடேறுகிறது. அதன்மேல் பொருத்தியிருக்கும் பாதுகாப்புத் தெர்மோஸ்டாட்டுக்குள் கிண்ணம் போல லேசாகக் குழிந்த ஒரு சிறு உலோக வட்டு உண்டு. வெவ்வேறு அளவில் விரியும் இரண்டு உலோகங்களை ஒட்டிச் செய்தது. குறிப்பிட்ட சூட்டில் அந்தக் கிண்ணம் ‘டிக்’கென்று மறுபக்கம் புரண்டு மின்சாரத்தைத் துண்டிக்கும், ஆறியதும் பழையபடி திரும்பும். ஆகவே அடைபட்ட இயந்திரத்தில் ஹீட்டர் கொஞ்ச நேரம் எரிகிறது, கொஞ்ச நேரம் அணைகிறது. வீட்டில் இருப்பவர்களுக்குத் தெரிவதெல்லாம் துணி காய இரண்டு மடங்கு நேரம் ஆகிறது என்பதுதான். இது மாதக்கணக்கில் நடக்கும். ஒருநாள் சூடு இன்னும் மேலே போகும்போது வெப்ப ஃபியூஸ் அறுந்துவிடும். அது ஒருமுறைதான் வேலை செய்யும், ஆறினாலும் மீண்டும் சேராது. சில மாடல்களில் அது ஹீட்டரை மட்டும் நிறுத்தும். சிலவற்றில் மோட்டாரையும் சேர்த்து நிறுத்திவிடும், பொத்தானை அழுத்தினால் அசைவே இருக்காது.

ஃபியூஸ் போனது குற்றமல்ல, அது சாட்சி. அதை மாற்றிவிட்டு அடைப்பை அப்படியே விட்டால் நான் பட்ட பாடுதான். அதைவிட மோசம், இரண்டு வயரையும் நேராக முறுக்கி ஃபியூஸையே தவிர்த்துவிடுவது. தயவுசெய்து ஒரு மணி நேரத்துக்குக்கூட அப்படி ஓட்டாதீர்கள். குழாயிலும் பெட்டிக்குள்ளும் படிந்திருப்பது துணியிலிருந்து உதிர்ந்த பஞ்சு. எளிதில் பற்றிக்கொள்ளும் அந்தப் பஞ்சுக்கும் கட்டுப்பாடில்லாமல் சூடேறும் காயிலுக்கும் நடுவில் நிற்கும் கடைசிக் காவல் அந்த வெள்ளைத் துண்டுதான்.

அடைப்பைத் தேடுவதற்குக் கருவி எதுவும் வேண்டாம். பஞ்சு வடிகட்டியைக் கழற்றிப் பஞ்சை எடுத்துவிட்டு, தண்ணீர்க் குழாயடியில் பிடித்து அதன் வலைமேல் தண்ணீர் விட்டுப் பாருங்கள். தண்ணீர் உடனே ஒழுகிப் போக வேண்டும். வலையின்மேல் குட்டைபோல் தேங்கி நின்றால், துணியை மென்மையாக்கப் போடும் வாசனைத் தாள்களின் மெழுகுப் படலம் கண்களை அடைத்திருக்கிறது என்று அர்த்தம். கண்ணுக்குச் சுத்தமாகத் தெரியும் வடிகட்டியிலும் இது நடக்கும். சோப்புத் தண்ணீரும் பழைய பல் துலக்கும் பிரஷும் போதும். அப்புறம் இயந்திரத்தை ஓடவிட்டு, வெளிச்சுவரில் குழாய் முடியும் இடத்துக்குப் போங்கள். அங்கிருக்கும் மடல் நன்றாகத் திறந்து, கையில் வெதுவெதுப்பான காற்று அடிக்க வேண்டும். காற்று லேசாகத்தான் வருகிறதென்றால், இயந்திரத்தை நிறுத்திக் குழாயைக் கழற்றி உள்ளே பாருங்கள். ஒவ்வொரு வளைவும் காற்றுக்கு ஒரு தடை; மடிப்புகள் உள்ள குழாயில் ஒவ்வொரு மடிப்பிலும் பஞ்சு தங்கும். உட்புறம் வழுவழுப்பான, விறைப்பான உலோகக் குழாய் போட்டால் பாதித் தொல்லை தீரும்.

காற்று சரியாக இருந்தும் சூடு வரவில்லையென்றால்தான் மின்சாரப் பக்கம் வர வேண்டும். சுவிட்சை அணைத்தால் போதாது, பிளக்கையே பிடுங்க வேண்டும். தகடுகளின் விளிம்பு கத்தி மாதிரி இருக்கும் என்பதால் கையுறை போட்டுக்கொள்ளுங்கள். மல்டிமீட்டரை ஓம் அளவில் வைத்து, சோதிக்கும் பாகத்தின் ஒரு வயரையாவது கழற்றிவிட்டு அளக்க வேண்டும். இல்லாவிட்டால் மின்சுற்றின் வேறு வழியாக ஓடி மீட்டர் தப்பான எண்ணைக் காட்டும். ஃபியூஸும் தெர்மோஸ்டாட்டும் குளிர்ந்த நிலையில் பூஜ்யத்தை ஒட்டிக் காட்ட வேண்டும். ஹீட்டருக்கு ஒரு சின்னக் கணக்கு உண்டு: வோல்டேஜை அதே எண்ணால் பெருக்கி வாட்டால் வகுத்தால் வர வேண்டிய ஓம் கிடைக்கும். 230 வோல்ட்டில் 2,000 வாட் என்றால் சுமார் 26 ஓம். மீட்டர் எதுவுமே காட்டாவிட்டால் காயில் எங்கோ அறுந்திருக்கிறது.

காயில் பெரும்பாலும் நிக்ரோம் கம்பி. 1906-ல் ஆல்பர்ட் மார்ஷ் காப்புரிமை பெற்ற நிக்கல், குரோமியம் கலவையிலிருந்து வந்தது. சூடேறும்போது அதன்மேல் குரோமியம் ஆக்சைடு படலம் படிந்து, உள்ளே இருக்கும் உலோகத்தைக் காற்றிலிருந்து காக்கிறது. சிவக்கச் சிவக்க எரிந்தும் அது எரிந்து தீராமல் இருப்பது அதனால்தான். சூடேறினாலும் அதன் மின்தடை கொஞ்சம்தான் மாறும் என்பதால், குளிர்ந்த காயிலில் அளந்த எண்ணையே நம்பலாம். அறுந்த முனைகளை முறுக்கிச் சேர்த்து ஓட்டும் பழக்கம் சிலருக்கு உண்டு. அந்த முடிச்சு மற்ற இடங்களைவிட அதிகம் சூடேறி மறுபடி அறுந்துபோகும், எனவே முழுக் காயிலையும் மாற்றுவதே சரி. இன்னொன்றையும் அளந்துவிடுங்கள்: காயில் முனைக்கும் வெளித் தகட்டுக்கும் இடையே. அங்கே தொடர்பே இருக்கக்கூடாது. தொய்ந்த காயில் தகட்டைத் தொட்டுக்கொண்டிருந்தால் பிரேக்கர் விழலாம். சில அமைப்புகளில் தெர்மோஸ்டாட் துண்டித்த பிறகும் காயிலின் ஒரு பகுதி எரிந்துகொண்டே இருக்கும்.

மற்றக் கோளாறுகள் பெரும்பாலும் தாமே பேசிவிடும். மோட்டார் ஓடியும் டிரம் நின்றால், கையால் சுற்றிப் பாருங்கள். தடையே இல்லாமல் சுற்றினால் பெல்ட் அறுந்துவிட்டது. கீச்சென்ற சத்தம் பெல்ட்டை இழுத்துப் பிடிக்கும் கப்பியிலிருந்தும், தடதட என்ற சத்தம் டிரத்தைத் தாங்கும் தேய்ந்த உருளைகளிலிருந்தும் வரும். மோட்டார் ‘உம்ம்’ என்று முனகிவிட்டு நின்றால் மின்தேக்கியையோ மோட்டாரையோ பார்க்க வேண்டியிருக்கும். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் மின்தேக்கியில் மின்சாரம் தங்கியிருக்கும் என்பதால் அதை வேலை தெரிந்தவரிடம் விடுவதே நல்லது.

துணி ஈரமாக இருக்கும்போதே இயந்திரம் வேலை முடிந்தது என்று நின்றுவிடுகிறதா? டிரத்தின் உட்பக்கம் இரண்டு சிறு உலோகப் பட்டைகள் இருக்கும். ஈரத் துணி இரண்டையும் தொடும்போது மிகச் சிறிய மின்னோட்டம் பாயும். அது குறையக் குறைய, துணி காய்ந்துவிட்டது என்று இயந்திரம் கணிக்கிறது. அதே மெழுகுப் படலம் பட்டைகள்மேல் படிந்தால் ஈரத் துணியும் காய்ந்ததாகத்தான் தெரியும். ஆல்கஹால் நனைத்த துணியால் துடைத்தால் சரியாகிவிடும். நேரம் வைத்து ஓட்டும் முறையில் நன்றாகக் காய்ந்தால் சிக்கல் இங்கேதான்.

வெளிக்குழாய் இல்லாத, நீரைத் தொட்டியில் சேர்க்கும் வகைகளில் ஈரக் காற்று வெளியே போவதற்குப் பதிலாகக் குளிர்விப்பானில் நீராக மாறுகிறது. அங்கே பஞ்சு அடைப்பது குளிர்விப்பானின் மெல்லிய தகடுகளை. தேட வேண்டிய இடம்தான் வேறு.

எல்லாம் முடிந்து இயந்திரத்தைச் சுவரோடு தள்ளும்போது கடைசி அரை அடியில் நிதானமாக இருங்கள். ஒருவர் தள்ளட்டும், இன்னொருவர் பக்கவாட்டில் டார்ச் அடித்துக் குழாயைப் பார்த்துக்கொண்டிருக்கட்டும். எங்கள் குழாய் நசுங்கியது அந்த அரை அடியில்தான்.